முதலில் வந்ததா, சின்னதா, கெடு நெருங்கியதா: மெஷினில் எதை ஏற்றுவது?

சிங்கப்பூரின் துவாஸ் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய துல்லியப் பொறியியல் பட்டறையில் வேலை வரிசை போடுவது என் பொறுப்பு. திங்கட்கிழமை காலை ஒயிட்போர்டு முன்னால் நின்றால் எல்லா ஜாப்பும் அவசரம்தான். மெஷின் மட்டும் ஒன்று. அப்போது நான் எழுதும் வரிசையைப் பொறுத்துத்தான் புதன்கிழமை யார் ‘ஓடி’ (ஓவர்டைம், கூடுதல் நேர வேலை) பார்க்க வேண்டும், யார் ஆறு மணி லாரியில் விடுதிக்குத் திரும்பலாம் என்பது முடிவாகிறது. அதனால் குருட்டாம்போக்கில் எழுதக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம்.

பட்டறைகளில் மூன்று வழிகள் புழங்குகின்றன: வந்த வரிசை, சின்ன வேலை முதலில், கெடு நெருங்கியது முதலில். வாயால் வாதாடுவதைவிடக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தைச் செதுக்கும் சி.என்.சி மில்லிங் மெஷின் ஒன்று, ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஓடுகிறது. கையில் ஐந்து ஜாப். வந்த வரிசையிலேயே சொல்கிறேன். வால்வு உடல்: 7 மணி நேர வேலை, மெஷின் ஓடும் 22வது மணிக்குள் முடிய வேண்டும். ஜிக் தட்டு: 2 மணி, கெடு 25. சிப் தயாரிக்கும் சாதனத்துக்கான அலுமினியச் சேம்பர்: 9 மணி, கெடு 13. பிராக்கெட்: 5 மணி, கெடு 26. கடைசியாக வந்தது தேய்ந்துபோன மோல்டைச் சரிசெய்யும் வேலை: 3 மணி, கெடு 8. மொத்தம் 26 மணி.

வந்த வரிசையில் ஏற்றினால் 7, 9, 18, 23, 26வது மணிகளில் முடியும். சேம்பர் 5 மணி தாமதம், மோல்டு 18 மணி தாமதம். மூன்றே மணி நேர வேலை, கடைசியில் வந்ததால் கிட்டத்தட்ட மூன்று நாள் ரேக்கில் கிடக்கிறது. இந்த வழியில் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. அதற்காகவே பல சூப்பர்வைசர்கள் இதை விடுவதில்லை. இயந்திர வேலைக்கு இது போதாது என்பது என் தீர்மானமான கருத்து.

சின்னதை முதலில் ஏற்றினால் ஜிக் தட்டு, மோல்டு, பிராக்கெட், வால்வு, சேம்பர் என்று போகும். முடிவது 2, 5, 10, 17, 26. ஒரு ஜாப் முடியும் சராசரி நேரம் 16.6 மணியிலிருந்து 12 மணிக்கு இறங்கிவிடுகிறது. இருக்கும் வேலையெல்லாம் கையில், மெஷின் ஒன்று என்றால் இதைவிடக் குறைந்த சராசரி எந்த வரிசையிலும் கிடைக்காது; 1956இல் ஸ்மித் என்ற ஆய்வாளர் இதை நிரூபித்துவிட்டார். ஐந்தில் நான்கு சொன்ன நேரத்துக்குள் போகிறது. ஆனால் சேம்பர் 13 மணி தாமதம். அதைவிடப் பெரிய ஆபத்து கணக்கில் தெரியாது. நிஜத்தில் புது ஜாப் தினமும் வந்துகொண்டே இருக்கும், வருவதில் பாதி சின்னது. நான் முன்பு இருந்த ஒரு பட்டறையில் மாதம் எத்தனை ஜாப் முடிந்தது என்றுதான் எண்ணுவார்கள். எண்ணிக்கை அழகாக ஏறியது. ஒரு பெரிய ஹவுசிங் மட்டும் நாளை, நாளை என்று தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் அதை முடிக்கத் தஞ்சாவூர்த் தம்பிகள் இரண்டு பேர் தொடர்ந்து இரவெல்லாம் நின்றார்கள். அவர்களுடைய சிவந்த கண்களை நான் இன்னும் மறக்கவில்லை.

கெடுப்படி ஏற்றினால் மோல்டு, சேம்பர், வால்வு, ஜிக் தட்டு, பிராக்கெட்: 3, 12, 19, 21, 26. ஒன்றுகூடத் தாமதமில்லை. சராசரி 16.2, வந்த வரிசைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. ஆனால் வாடிக்கையாளருக்குச் சராசரி எதற்கு? தன் பொருள் சொன்ன நாளில் வந்ததா என்றுதான் அவர் பார்ப்பார். அதிகபட்சத் தாமதத்தை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைப்பது இந்த வரிசைதான் என்று 1955இலேயே ஜாக்சன் என்ற ஆய்வாளர் காட்டியிருக்கிறார்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. திங்கள் காலை ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் தண்டு) மக்கர் செய்து 3 மணி நேரம் போய்விட்டது என்று வையுங்கள். அதே வரிசை 6, 15, 22, 24, 29 ஆகிவிடும். சேம்பர் 2 மணி, பிராக்கெட் 3 மணி தாமதம். மூர் என்ற இன்னொரு ஆய்வாளர் 1968இல் வேறொரு வழி சொன்னார்: கெடுப்படி அடுக்கிக்கொண்டே வாருங்கள், எங்கே தாமதம் வருகிறதோ, அதுவரை அடுக்கியதில் மிக நீளமான வேலையை எடுத்துக் கடைசிக்குத் தள்ளுங்கள். இங்கே அது சேம்பர்தான். மற்ற நான்கும் 6, 13, 15, 20இல் முடிந்து கெடுவுக்குள் போய்விடும், சேம்பர் மட்டும் 16 மணி தாமதம். இரண்டு பேருக்குக் கொஞ்சம் தாமதமா, ஒருவருக்கே பெரிய தாமதமா? இதைக் கணக்கு சொல்லாது, தொலைபேசிதான் சொல்லும். அந்த ஒருவர் ஒப்புக்கொண்டால் மூர் வழி. இல்லையென்றால் நான் ஜாக்சன் பக்கம்தான் நிற்பேன்.

கெடுவே பொய்யாக இருந்தால் எல்லாம் வீண் என்பதையும் சொல்லியாக வேண்டும். விற்பனைப் பிரிவு எல்லா ஆர்டரிலும் ‘அர்ஜென்ட்’ என்று எழுதினால் கெடு வரிசைக்கு அர்த்தமே இல்லை. செட்டிங் மாற்றும் நேரமும் உண்டு: அலுமினியத்திலிருந்து ஸ்டீலுக்கு மாறும்போது கட்டர் மாற்றி, சீவல் துடைத்து, பூஜ்யப் புள்ளி பிடிப்பதற்குள் ஒரு மணி நேரம் போகலாம். கெடு அடுத்தடுத்து இருக்கும் ஒரே உலோக ஜாப்புகளை நான் சேர்த்தே ஏற்றிவிடுவேன்.

பலர் வாய்விட்டுச் சொல்லாத நான்காவது வழிதான் ஓடி: வரிசையை ஏனோதானோவென்று போட்டுவிட்டு, தாமதத்தை ஆட்களின் தூக்கத்தால் அடைப்பது. சிங்கப்பூரின் வேலை நியமனச் சட்டத்தில் வேலை நேரப் பகுதிக்குள் வரும் ஊழியர்களுக்கு ஓடி மாதம் 72 மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, நாளுக்கு வேலை 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, மணிக் கூலி ஒன்றரை மடங்கு. தம்பிகள் ஓடியைக் கேட்டு வாங்குவதும் உண்மை. ஊரில் கடன் இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் நிஜமாகவே மெஷின் உடையும்போது பயன்பட வேண்டிய மணி நேரத்தை, என் ஒயிட்போர்டு தவறுக்காகச் செலவழிக்க எனக்கு உரிமை இல்லை.

பட்டறையை விட்டு வெளியே வந்தால் தீர்ப்பு மாறும். தேக்கா நிலையத்துப் பராட்டாக் கடையில் ஒருவர் பதினைந்து பொட்டலம் கேட்டு நிற்கிறார், பின்னால் ஒரு பாட்டி ஒரே ஒரு கோசோங் (உள்ளே எதுவும் வைக்காத வெறும் பராட்டா) கேட்கிறார். சராசரியைப் பார்த்தால் பாட்டிக்குத்தான் முதலில் போட வேண்டும். ஆனால் ரேக்கில் கிடக்கும் இரும்புக்குக் கண் இல்லை, வரிசையில் நிற்கும் மனிதருக்கு உண்டு. இங்கே வந்த வரிசைதான் நியாயம். பதினைந்து பேருக்கு வாங்குபவர் தானாக ஒதுங்கி வழிவிட்டால் அது அவருடைய நல்ல மனது. மருத்துவமனை அவசரப் பிரிவிலோ முதலில் பார்ப்பது வந்த நேரத்தை அல்ல. நோயின் கடுமையைப் பார்த்து பி1 முதல் பி4 வரை பிரிக்கிறார்கள். காய்ச்சலோடு முதலில் வந்தவரைவிட நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தவர்தான் முதலில் உள்ளே போவார்.

என் ஒயிட்போர்டில் இப்போது ஜாப் எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று கட்டங்கள்: எத்தனை மணி வேலை, எப்போது கெடு, அந்தக் கெடுவை வாடிக்கையாளரிடம் நேரில் கேட்டு உறுதிசெய்தது யார். மூன்றாவது கட்டம் காலியாக இருக்கும் ஜாப்பை, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும், நான் முன்னால் ஏற்றுவதில்லை.