பிளெண்டரில் கிரீன் மேட் வேலை: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கிரீன் மேட் முன்னால் எடுத்த ஆளை, கம்ப்யூட்டரில் கட்டிய இடத்துக்குள் நிற்க வைக்கும் வேலைக்குப் பல வருடமாக பிளெண்டர் என்ற 3டி மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறேன். குறும்படங்கள், கடை விளம்பரங்கள், அவ்வப்போது ஒரு மியூசிக் வீடியோ. பட்ஜெட் சின்னது, ஆள்பலமும் குறைவு. இந்த அளவு வேலைக்கு இதைவிடத் தோதான மென்பொருள் என் கைக்கு வந்ததில்லை. இலவசம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், கேமரா டிராக்கிங், செட், லைட்டிங், ரெண்டர் (செட்டைப் படமாக உருவாக்குவது), கம்பாசிட்டிங் (எல்லாவற்றையும் ஒரே படமாகச் சேர்ப்பது) எல்லாமே ஒரே ஃபைலுக்குள் நடப்பது.

டிராக்கிங்கிலிருந்து தொடங்குகிறேன். நிஜக் கேமரா எப்படி நகர்ந்தது என்பதை ஃபுட்டேஜை வைத்தே கண்டுபிடிப்பதுதான் அது. 2011 டிசம்பரில் வந்த 2.61 பதிப்பிலிருந்து இந்த வசதி இருக்கிறது. இதையும் கீயிங்கையும் (பச்சையை நீக்கி ஆளை மட்டும் வெட்டி எடுப்பது) நிஜமான வேலையில் வைத்து வளர்ப்பதற்காகவே பிளெண்டர் ஃபவுண்டேஷன் 'டியர்ஸ் ஆஃப் ஸ்டீல்' என்ற குறும்படத்தை எடுத்து 2012-ல் வெளியிட்டது. அதன் மூல ஃபுட்டேஜ் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது. சொந்தமாகப் படம்பிடிக்க வசதியில்லாதவர்கள் அதை வைத்தே பழகலாம்.

கேமரா அசைவைக் கணக்கிட, தேர்ந்தெடுக்கும் இரண்டு கீஃபிரேம்களிலும் ஒருசேர இருக்கும் மார்க்கர்கள் (படத்தில் பின்தொடரும் புள்ளிகள்) குறைந்தது 8 வேண்டும். சால்வ் எரர், அதாவது அந்தக் கணக்கின் பிழை அளவு, 1 பிக்சலுக்குக் கீழே வந்தால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள். எண் குறைவாக வந்தும் சி.ஜி. (கம்ப்யூட்டரில் உருவாக்கிய) தரை மிதப்பது உண்டு. பச்சைத் துணியில் ஒட்டிய டேப்புகள் எல்லாம் ஒரே தளத்தில் இருப்பதால், எது கிட்டே, எது தூரத்தில் என்று பிளெண்டரால் சரியாகப் பிரித்துப் பார்க்க முடியாது. ஆளுக்கு முன்னாலும் பக்கவாட்டிலும் ஒரு ஸ்டூல், டேப் சுற்றிய ஒரு கம்பி, தரையில் நாலைந்து குறிகள் என்று வெவ்வேறு தூரத்தில் வைத்துவிடுங்கள். டேப்பும் பச்சையிலேயே வேறு ஷேடாக இருந்தால் கீயிங்கில் சுலபமாகப் போய்விடும். மொபைலில் எடுப்பவர்கள் ஸ்டெபிலைசேஷனை (நடுக்கம் குறைக்கும் வசதி) அணைத்துவிட வேண்டும். அது ஒவ்வொரு ஃபிரேமையும் தனித்தனியாக வெட்டி நகர்த்துவதால் லென்ஸ் கணக்கே குழம்பிவிடும். மொபைல் வீடியோவில் ஃபிரேம் ரேட்டும் ஏறி இறங்கும். அதனால் முதலில் சீரான ரேட்டுக்கு மாற்றி, இமேஜ் சீக்வென்ஸாக (ஃபிரேமுக்கு ஒரு படமாக) எடுத்துக்கொள்வேன்.

சில ஷாட்டுகளின் கீயிங்கை மட்டும் வெளியே செய்கிறேன். பிளெண்டரின் கீயிங் நோடு நன்றாக வெளிச்சம் விழுந்த துணிக்குப் போதும். ஆனால் சாதாரணக் கேமராக்களும் மொபைல்களும் தரும் 8 பிட் 4:2:0 வகை ஃபுட்டேஜில் நிறத் தகவல் கால்வாசிதான் பதிவாகிறது, தலைமுடி ஓரங்கள் படிக்கட்டு மாதிரி உடையும். அந்த ஷாட்டுகளுக்கு டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் உள்ள ஃப்யூஷனுக்குப் போய், கிளீன் பிளேட் (ஆள் இல்லாத வெறும் பச்சைப் பின்னணி) எடுத்து, டெல்டா கீயர் என்ற கருவியில் வெட்டி, ஆல்ஃபாவோடு (எது தெரியும், எது தெரியாது என்ற தகவல்) இ.எக்ஸ்.ஆர். என்ற பட வடிவில் சீக்வென்ஸாகத் திரும்பக் கொண்டு வருகிறேன்.

அதற்குப் பிறகு செய்வதுதான் இந்த மென்பொருளை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம். வெட்டிய ஆளை ரெண்டருக்கு மேல் ஒட்டுவதில்லை, ஒரு பிளேனில் (தட்டையான பலகை போன்ற பரப்பு) போட்டு செட்டுக்குள்ளேயே நிறுத்துகிறேன். டிராக் செய்த கேமராவோடு பிளேனைக் கட்டி, ஆள் நிற்கும் தூரத்தில் வைத்து, ஃபிரேமை நிரப்பும் அளவுக்குப் பெரிதாக்கினால் கால் தரையில் பதிந்துவிடும். கேமரா ஆளை நோக்கி நகர்ந்தால் தூரம், அளவு இரண்டுக்கும் கீஃபிரேம் போட வேண்டும். மெட்டீரியலில் எமிஷனையும் (தானே ஒளிர்வது) டிரான்ஸ்பேரன்ட்டையும் (ஊடுருவித் தெரிவது) ஆல்ஃபா வழியாகக் கலக்கிறேன், அப்போது செட் லைட்டுகள் அவர் மேல் இரண்டாவது முறை விழாது. இப்படி நிறுத்திய பிறகு ஈரத் தரையில் அவர் பிம்பம் தானாக விழும், தூணுக்குப் பின்னால் போனால் தூண் மறைக்கும், பனிமூட்டம் அவரையும் மூடும். தனித்தனி லேயரில் இதையெல்லாம் போலியாகச் செய்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்!

நிழலுக்கு மட்டும் தனி ஏற்பாடு தேவை. பக்கவாட்டு வெயிலில் தட்டையான பிளேனின் நிழல் ஒரு கோடாகத்தான் விழும். பிளேனை ஒரு பிரதி எடுத்து வெயிலைப் பார்க்கத் திருப்பி, கால் வைத்த இடத்திலேயே நிறுத்தி, ரே விசிபிலிட்டி என்ற அமைப்பில் ஷேடோவைத் தவிர மற்றதையெல்லாம் அணைத்துவிடுவேன். முதல் பிளேனில் ஷேடோவை மட்டும் அணைப்பேன். நிழலின் வடிவம் கணக்குப்படி சரியில்லைதான், ஆனாலும் கண் ஏற்றுக்கொள்கிறது. ஆள் மேல் விழுந்த வெளிச்சத்தின் திசை தப்பினால் கண் ஏற்றுக்கொள்ளாது. அதனால் செட்டை முதலில் பெட்டி பெட்டியாகக் கட்டி, வெயில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்த பிறகே படப்பிடிப்புக்குப் போகிறேன்.

நிறத்தில் ஒரு சிக்கல் புதியவர்கள் எல்லோருக்கும் வரும். 4.0 பதிப்பிலிருந்து ஏ.ஜி.எக்ஸ். தான் இயல்பான வியூ டிரான்ஸ்ஃபார்ம், அதாவது ரெண்டரின் நிறங்களைத் திரைக்கு ஏற்றபடி மாற்றும் முறை. சி.ஜி.க்கு அது அழகு. ஏற்கெனவே கேமராவில் நிறம் பதப்படுத்தப்பட்டு வந்த ஃபுட்டேஜ் அதன் வழியாகப் போனால் முகம் சாம்பல் பூசியது போல ஆகிவிடும். இமேஜ் நோடில் கலர் ஸ்பேஸை 'ஏ.ஜி.எக்ஸ். பேஸ் எஸ்.ஆர்.ஜி.பி.' என்று மாற்றிப் பாருங்கள், தோல் நிறம் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்துவிடும். ரொம்பப் பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் சேலைகளில் மட்டும் கொஞ்சம் கையால் திருத்த வேண்டியிருக்கும்.

4.2-ல் கம்பாசிட்டர் ஜி.பி.யு.வில் (கிராஃபிக்ஸ் கார்டில்) ஓடத் தொடங்கிய பிறகு காத்திருப்பு நன்றாகக் குறைந்தது. கடைசியாக, சி.ஜி. பகுதிக்கு மட்டும் கேமராவின் கிரெயினை (படத்தில் தெரியும் மணல் போன்ற புள்ளிகள்) போடுகிறேன், ஆளிடம் அது ஏற்கெனவே இருக்கிறதே. ரோட்டோ, அதாவது பச்சைத் துணி உதவாத இடத்தில் ஆளின் ஓரத்தை வரைந்து பிரிப்பது, பிளெண்டரில் இன்னும் மாஸ்க்கைக் கையால் வரைகிற வேலைதான். பச்சைத் துணியே இல்லாமல், காற்றில் முடி பறக்கும் ஷாட் வந்தால் அதற்கென்று இருக்கும் ரோட்டோ ஆர்ட்டிஸ்டிடம் கொடுத்து வாங்குகிறேன். அந்தச் செலவை முதல் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுவேன்.