பாஸ்த்ரூ கிரிம்பரும் இரண்டு டெஸ்டர்களும்: கம்பத்திலிருந்து ஒரு மதிப்புரை

நான் கம்பத்தில் இருந்துகொண்டு கேமரா, நெட்வொர்க் வேலை பார்ப்பவன். வேலை பெரும்பாலும் மலை மேல்தான். குமுளி, அணக்கரை, வண்டன்மேடு, நெடுங்கண்டம் என்று கம்பமெட்டு ரோட்டிலும் குமுளி ரோட்டிலும் மாறி மாறி ஏறி இறங்குகிறேன். ஏலக்காயை உலர்த்தி அடுக்கும் ஸ்டோர்களும் ஹோம்ஸ்டேக்களும்தான் முக்கியமான வாடிக்கை. புத்தடியிலும் போடியிலும் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏலம் நடக்கிற நாளில், காய் என்ன விலைக்குப் போகிறது என்று ஸ்டோரில் உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும் என்பார்கள். உலர்த்தும் அறைக்கு ஒரு கேமரா, மூட்டை அடுக்கும் இடத்துக்கு ஒரு கேமரா கண்டிப்பாகக் கேட்பார்கள். இதற்கெல்லாம் கேபிளை இழுத்து, முனை போட்டு, சோதித்துக் கொடுப்பது என் வேலை.

நெட்வொர்க் கேபிளின் நுனியில் கனெக்டரை அழுத்திப் பொருத்தும் கருவிதான் கிரிம்பர்; போட்ட கேபிள் சரியா என்று பார்ப்பது டெஸ்டர். மதுரையில் வாங்கிய ஒரு பாஸ்த்ரூ கிரிம்பர், அதற்கான கேட்6 (நெட்வொர்க் கேபிளில் ஒரு தரம்) கனெக்டர் நூறு, ஒன்பது விளக்கு டெஸ்டர், திரை உள்ள டெஸ்டர் ஆகியவற்றை மழையிலும் பனியிலும் நன்றாகப் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன். கிரிம்பரும் டெஸ்டரும் ஒரே வார்ப்பில் செய்து பல பெயர் ஒட்டி விற்கிற சரக்கு. அதனால் ஸ்டிக்கரை விட்டுவிட்டு, எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் கிரிம்பர். 850 ரூபாய் ஆனது. பழைய முறையில் எட்டுக் கம்பியையும் வரிசைப்படுத்தி, ஒரே நீளத்துக்கு நறுக்கி, கலையாமல் கனெக்டருக்குள் தள்ள வேண்டும். உள்ளே போனபின் ஒன்று குட்டையாக நின்றுவிட்டால் அந்த கனெக்டர் குப்பைக்குத்தான். பாஸ்த்ரூவில் கனெக்டரின் முன்பக்கம் ஓட்டை உண்டு. எட்டுக் கம்பியும் அந்தப் பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு வரும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பிரவுன், பிரவுன் என்று நிறத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகே கைப்பிடியை அழுத்தலாம். அழுத்தும்போது கனெக்டரின் உலோகப் பற்கள் கம்பியில் இறங்கும், நீட்டியிருக்கும் நுனிகளைப் பிளேடு முகத்தோடு சேர்த்து வெட்டிவிடும். ஏணியில் நின்றபடி, குமுளிப் பனியில் விரல் மரத்துப் போயிருக்கும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்பது செய்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இன்னொரு லாபமும் இருக்கிறது. கம்பிகளை முன்னால் பிடித்து இழுக்க முடிவதால் மேலுறை கனெக்டருக்குள் நன்றாக ஏறி உட்காரும். கிரிம்ப் செய்த முனையைப் பின்பக்கமிருந்து பாருங்கள். கனெக்டரின் அடியில் இருக்கும் சின்னத் தாழ்ப்பாள் மேலுறையைக் கவ்வியிருக்க வேண்டும். வெறும் கம்பிகளைக் கவ்வியிருந்தால், யாராவது தெரியாமல் கேபிளை இழுத்த முதல் நாளே கதை முடிந்தது. அதுபோல முறுக்கைப் பிரிப்பதிலும் கணக்கு உண்டு. 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்கக் கூடாது, அதாவது அரை அங்குலம். பாஸ்த்ரூவில் வரிசை பிடிக்க வசதியாக நிறையப் பிரித்தாலும், முன்னால் இழுத்துவிட்டபின் உள்ளே மிஞ்சுவது குறைவுதான். கேட்6 கேபிளுக்குள் ஓடும் பிளாஸ்டிக் சிலுவையை மேலுறை ஓரத்தோடு ஒட்ட நறுக்கிவிடுங்கள். அது துருத்திக்கொண்டிருந்தால் மேலுறை ஏறாது.

குறை என்று சொன்னால் பிளேடுதான். புதிதில் சவரம் செய்ததுபோல் வெட்டுகிறது. ஒரு மழைக்காலம் முழுக்க ஓட்டியபின் மழுங்கி, செம்பை வெட்டாமல் நசுக்கித் தள்ள ஆரம்பித்தது. அப்போது கனெக்டர் முகத்தில் மயிரிழை மாதிரி செம்பு பிசிறு நிற்கும். பக்கத்துக் கம்பியின் பிசிறைத் தொட்டால் ஷார்ட். டேட்டாவோடு மின்சாரத்தையும் அனுப்பும் பிஓஇ கேபிளில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அதில் 50 வோல்ட் அளவுக்கு மின்சாரம் போகிறது. நான் இப்போது ஒவ்வொரு முனையையும் செல்போன் வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து, நகத்தால் ஒரு தடவு தடவிவிட்டுத்தான் சொருகுகிறேன். நகத்தில் சுருக்கென்று பட்டால் பிளேடு மாற்றும் நேரம் வந்துவிட்டது.

கனெக்டர் வாங்கும்போது கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதாண்ணே" என்பார். இல்லை. கேட்6 கம்பி பெரும்பாலும் 23 கேஜ் (கேஜ் எண் குறைந்தால் கம்பி தடிமன்), அதன் உறையும் தடிமன். அதற்கு முந்தைய தரமான கேட்5இ கனெக்டரின் ஓட்டையில் அது முட்டிக்கொண்டு நிற்கும். கேட்6 என்றே கேட்டு வாங்குங்கள். ஒரே கெட்டிக் கம்பியாக இருக்கும் ஒற்றைக் கம்பி கேபிளுக்கு, கம்பியின் இருபுறமும் மாறி மாறிக் கவ்வும் மூன்று பல் கனெக்டர் நல்லது. மெல்லிய இழைகளைத் திரித்த நூலிழைக் கம்பிக்கு, நடுவில் குத்தி இறங்கும் இரண்டு பல் போதும். இதைக் கேட்டதும் முழிக்கிற கடையில் நான் வாங்குவதில்லை.

இனி டெஸ்டர். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கம் நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான்.

ஒன்பது விளக்கு டெஸ்டர் 250 ரூபாய். இரண்டு துண்டாகப் பிரியும். பெரியதை ஒரு முனையில், சின்னதை மறு முனையில் மாட்டினால் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக இரண்டிலும் எரிந்து வரும். உள்ளே உலோக உறை போட்ட ஷீல்டு கேபிளானால் ஒன்பதாவதும் எரியும். ஒரு விளக்கு எரியவில்லை என்றால் அந்தக் கம்பி சேரவில்லை. மறுபக்கம் வரிசை மாறி எரிந்தால் நிறம் மாறியிருக்கிறது. இந்த விலைக்கு இது அருமையான கருவி, ஒவ்வொரு பையிலும் இருக்க வேண்டும். ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இங்கிருந்து அங்கே கம்பி தொடர்ச்சியாக இருக்கிறது. கேபிள் நன்றாக வேலை செய்யும் என்று அது சொல்லவே இல்லை.

அணக்கரைப் பக்கம் ஒரு ஸ்டோரில் வேறு ஒருவர் போட்ட கேபிள். எட்டு விளக்கும் அழகாக வரிசையாக எரிகிறது. கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்சில் சொருகினால் ஜிகாபிட் வேகம் வரவே இல்லை, நூறு மெகாபிட்டிலும் விட்டு விட்டு வருகிறது. முனையை உற்றுப் பார்த்தால், போட்டவர் ஜோடி ஜோடியாக அடுக்கியிருக்கிறார்: ஆரஞ்சு ஜோடி, பச்சை ஜோடி, நீல ஜோடி, பிரவுன் ஜோடி என்று நேராக. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் விளக்கு டெஸ்டருக்கு இதில் தப்பே தெரியாது. ஆனால் ஈதர்நெட்டில் மூன்றாவது பின்னும் ஆறாவது பின்னும்தான் ஒரு ஜோடி. இவர் அடுக்கியதில் மூன்றாவது பச்சை ஜோடியிலும் ஆறாவது நீல ஜோடியிலும் போய்விட்டன. ஒரு ஜோடியின் இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு ஓடினால்தான் ஒரு கம்பி வாங்கும் இரைச்சலை மறு கம்பி வாங்கும் இரைச்சல் கழித்துவிடும். ஜோடியைப் பிரித்துவிட்டால் அந்த முறுக்கால் பயனே இல்லை, பக்கத்து ஜோடியின் சிக்னல் உள்ளே கசியும். ஸ்ப்ளிட் பேர் என்று சொல்வது இதைத்தான்.

திரை உள்ள டெஸ்டர் இதைக் கண்டுபிடித்தது. மூன்றாயிரத்துச் சொச்சம் ரூபாய். எந்த ஜோடி கலந்திருக்கிறது என்று திரையில் காட்டியது. இரண்டு முனையையும் வெட்டி, நிற வரிசைப்படி போட்டதும் ஜிகாபிட் வந்துவிட்டது. அந்த ஸ்டோர்க்காரர் புது ஸ்விட்ச் வாங்க ஆள் அனுப்பத் தயாராக இருந்தார்.

ஆனால் நான் இந்தத் திரை டெஸ்டரைக் கொண்டாடுவதற்குக் காரணம் நீளம் காட்டுவதுதான். மலைத்தோட்டத்தில் கேபிள் அறுவது தினசரிக் கதை. மழைக்கு முன்னால் நிழல்மரக் கிளையை வெட்டி இறக்குவார்கள், கூடவே நம் கேபிளும் இறங்கும். எலி கடிக்கும். பங்களாவிலிருந்து ஸ்டோர் வரை எழுபது, எண்பது மீட்டர் சரிவில் ஏலச்செடிக்குள் போகும் கேபிளில் எங்கே அறுந்தது என்று அட்டைக்கடியோடு தேடுவதைப் போல ஒரு வேதனை கிடையாது. இந்த டெஸ்டரை ஒரு முனையில் மாட்டினால் எத்தனையாவது மீட்டரில் கம்பி நிற்கிறது என்று எண் வருகிறது. ஒரு முறை 46 என்று காட்டியது. மேலுறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சடித்திருப்பதால், இங்கிருக்கும் எண்ணிலிருந்து கணக்குப் போட்டுத் தம்பியை அனுப்பினேன். இரண்டு மீட்டர் தள்ளி, முறிந்த சில்வர் ஓக் கிளைக்கு அடியில் கிடந்தது. மீட்டர் இரண்டு முன்பின் காட்டத்தான் செய்யும். அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

ஒரு எச்சரிக்கை. சாதாரண ஒன்பது விளக்கு டெஸ்டரை, மறுமுனை பிஓஇ ஸ்விட்சில் சொருகியிருக்கும்போது மாட்டாதீர்கள், கருகிவிட வாய்ப்பு உண்டு. திரை டெஸ்டரிலும் எத்தனை வோல்ட் தாங்கும் என்று பெட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இவை எதுவும் கேபிளுக்குச் சான்றிதழ் தரும் கருவி அல்ல. கேட்6 தரத்துக்கு எல்லா அலைவரிசையிலும் அளந்து அறிக்கை கொடுப்பது ஃப்ளூக் கம்பெனியுடையது மாதிரியான சர்டிஃபையர்தான். அதன் விலை லட்சக்கணக்கில். பெரிய ஆஸ்பத்திரி, அலுவலகம் என்றால் வாடகைக்கு எடுக்கலாம். ஏலக்காய் ஸ்டோருக்கு அது தேவையில்லை.

டெஸ்டர் எதுவும் எளிதில் பிடிக்காத ஒரு மோசடி கேபிள் பெட்டியிலேயே இருக்கிறது. வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் அவர்களே வாங்கி வைத்த பெட்டியில் கேபிள் இழுக்கச் சொன்னார்கள். எந்தக் கடை, எந்தப் பெயர் என்பது வேண்டாம். "கேட்6னு பெரிசா போட்டிருக்குல்ல, அப்புறம் என்னண்ணே" என்றார் சூப்பர்வைசர். பெட்டியைத் தூக்கியதுமே கை சொல்லிவிட்டது, எடை இல்லை. கம்பியின் மேல்பூச்சைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது, சிசிஏ என்பார்கள். விளக்கு எட்டும் எரியும், பகலில் கேமரா ஓடும். இருட்டியதும் கேமராவின் இரவு விளக்குகள் எரிய ஆரம்பித்து கரண்ட் அதிகம் இழுக்கும். கம்பியின் தடை அதிகமாக இருப்பதால் அந்த முனையில் வோல்ட் சரிந்து கேமரா அணைந்துவிடும். மறுபடி உயிர் பெறும், விளக்கு எரியும், மறுபடி அணையும். விடிய விடிய இதே கூத்து. எண்பது மீட்டர் தூரத்துக் கேமராவில் அந்த எஸ்டேட்டில் இதுதான் நடந்தது. கடைசியில் கேபிளைக் கழற்றிச் செம்புக் கேபிள் இழுத்துக் கொடுத்தோம்.

இதைக் கண்டுபிடிக்க உங்களிடம் இருக்கும் மல்டிமீட்டரே போதும். பெட்டியில் இருப்பது 305 மீட்டர், அதாவது ஆயிரம் அடி. உள்முனையை வெளியே எடுக்க முடிந்தால், ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் அங்கே ஒன்றாக முறுக்கிவிட்டு, இந்த முனையில் ஓம் அளவில் வைத்துப் பாருங்கள். 23 கேஜ் செம்பானால் 41, 42 ஓம் அளவில் நிற்கும். 24 கேஜ் செம்பானால் 51, 52. தரம் அனுமதிப்பது 100 மீட்டருக்கு ஒரு கம்பிக்கு 9.38 ஓம் வரைதான், பெட்டி முழுக்கப் போய்த் திரும்பினால் கணக்கு 57 ஓம். சிசிஏ இதைத் தாண்டி 60க்கு மேல் காட்டும். வண்டன்மேட்டுப் பெட்டி 64 காட்டியது. மல்டிமீட்டரைச் சூப்பர்வைசர் கையிலேயே கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் முதலாளிக்கு போன் போட்டார்.

இனி, எதைச் சொந்தமாகச் செய்யக் கூடாது என்றும் சொல்லிவிடுகிறேன். ஸ்விட்ச் மாட்டும் ரேக்குக்குள் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் இணைப்புக் கேபிள், அதாவது பேட்ச் கார்டு வேண்டுமென்றால் கடையில் வாங்குங்கள். அது நூலிழைக் கம்பி, வளைத்து வளைத்து மாட்டினாலும் முறியாது. பெட்டிக் கேபிளின் ஒற்றைக் கம்பியை அப்படி ஆட்டிக்கொண்டே இருந்தால் கனெக்டர் ஓரத்தில் முறிந்துவிடும். ஒரே ஓட்டத்தில் 100 மீட்டருக்கு மேல் இழுக்காதீர்கள், அதிலும் 90 மீட்டர் ஒற்றைக் கம்பி, மிச்சம் இரு முனைகளின் பேட்ச் கார்டுகளுக்கு என்பது கணக்கு. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்குப் போவதானால் நான் இப்போது கரண்ட் கடத்தாத ஃபைபரைத்தான் சிபாரிசு செய்கிறேன். ஐப்பசியில் மதியத்துக்கு மேல் குமுளி வானம் இடிக்கிற இடியில், வெட்டவெளியில் போகும் செம்புக் கேபிள் இரண்டு பக்கத்து ஸ்விட்சையும் சேர்த்துக் கொன்றுவிடும். செம்புதான் வேண்டும் என்றால் வெயில் தாங்கும் கறுப்பு மேலுறைக் கேபிள் வாங்குங்கள், உள்ளே நுழையும் இடத்தில் கீழே ஒரு தொங்கல் விட்டு ஏற்றுங்கள். மழைத் தண்ணீர் கேபிள் வழியாக வந்து ஸ்விட்சுக்குள் சொட்டாது.

வீட்டுக்கு நாலு கேபிள் போடுகிறவருக்கு பாஸ்த்ரூ கிரிம்பரும் விளக்கு டெஸ்டரும் போதும், நிற வரிசையைக் கண்ணால் பார்த்துக்கொண்டால் சரி. தொழிலாகச் செய்கிறவர் திரை டெஸ்டருக்கும் சேர்த்துக் காசு எடுத்து வைக்கட்டும். கிரிம்பரில் மட்டும், அழுத்தம் முழுதாக விழும்வரை கைப்பிடி திரும்பாத ராட்செட் வகையாகப் பாருங்கள், மாற்றுப் பிளேடு தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்கும் என்றால் அந்த நேரத்திலேயே இரண்டு பிளேடு சேர்த்து வாங்கிவிடுங்கள். எனக்குக் கம்பத்தில் கிடைக்காமல் மதுரையிலிருந்து பஸ்ஸில் பார்சல் போட்டுத்தான் வரவழைக்க வேண்டியிருந்தது.