‘5.2-ல லாக் பண்ணித் தர்றோம்’ என்று சொல்லும் கடைகளிடம் ஜாக்கிரதை: 33,000 ரூபாய் போய்விட்டது

கோபம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். 33,000 ரூபாய் போயிருக்கிறது. ப்ராசஸருக்கு 27,000, அதை ஓவர்க்ளாக் செய்து, அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ஓட வைத்து, ஸ்டேபிளாகக் கொடுப்பதற்கு என்று வாங்கிய 6,000. இன்று மதியம் கடைக்காரர் போனிலேயே கையை விரித்துவிட்டார். புது கம்ப்யூட்டர் போடப் போகிறவர்கள், முக்கியமாக வீடியோ எடிட்டிங் வேலையில் இருப்பவர்கள், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

நான் கோவையில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். வைகாசி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் புது மெஷின் வேண்டும் என்று தேடியபோது கிடைத்ததுதான் இந்தக் கடை. பெரிய ஷோரூம் இல்லை, ஆன்லைன் தளமும் இல்லை. கேட்கிற மாதிரி அசெம்பிள் செய்து, கண்ணாடி கேபினெட்டில் கலர் விளக்கெல்லாம் போட்டு, அதை வீடியோ எடுத்துப் போடுகிற வகைக் கடை. புகார் கொடுத்திருப்பதால் பெயர் எழுதவில்லை.

நான் கேட்டது இன்டெல் ஐ7-12700கே. கடைசியில் வரும் ‘கே’ என்றால் வேகத்தை நாமே ஏற்றிக்கொள்ள வசதி உள்ள ப்ராசஸர். கூலரும் பவர் சப்ளையும் பழைய மெஷினில் இருந்தவையே போதும் என்று அவரே சொன்னார். அப்புறம்தான் இந்த 6,000 ரூபாய்ப் பேச்சு வந்தது. “கே சீரீஸ் வாங்கிட்டு அப்படியே ஓட்டுறது வேஸ்டுங்ணா. எல்லா பெரிய கோரையும் 5.2-ல லாக் பண்ணித் தர்றேன். உங்க எக்ஸ்போர்ட் பறக்கும்” என்றார். 5.2 என்றால் 5.2 கிகாஹெர்ட்ஸ் வேகம், பெரிய கோர் என்றால் சிப்புக்குள் இருக்கும் வேகமான பகுதிகள். ஹேங் ஆகாதா என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது: “ராத்திரி முழுக்க ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஓட விட்டு, காலையில நானே பாத்துட்டுத்தான் உங்க கையில கொடுப்பேன். கல்யாண வேலை பண்றவங்க, நடுவுல நிக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா?”

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் பணம் கொடுத்தேன். வேகத்துக்காக இல்லை. என் தொழிலைப் புரிந்துகொண்டு பேசுகிற மனிதர் என்று நம்பினேன். மெஷின் எடுக்கப் போன அன்று டீ வரவழைத்து, பக்கத்தில் உட்கார வைத்து, ப்ராசஸர் வேகத்தைக் காட்டும் சிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரைத் திறந்து காட்டினார். திரையில் 5,200 மெகாஹெர்ட்ஸ் என்று நின்றது. சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையை ஒருமுறை ஓட்டிக் காட்டினார், முடிந்தது, மார்க் வந்தது. அவர் தம்பி அதை வீடியோவும் எடுத்தான். ஏசி போட்ட கடை அது. என் எடிட்டிங் அறை மொட்டைமாடியில், தகரக் கூரைக்குக் கீழே இருக்கிறது. அதுவும் அவருக்குத் தெரியும், முதலிலேயே சொல்லியிருந்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் பெரிய எக்ஸ்போர்ட் போட்டேன், பாதியில் நீலத் திரை. அடுத்தது முக்கால்வாசி ஓடி தானாக ரீஸ்டார்ட் ஆனது. சில நாள் ஒழுங்காக ஓடும், நிம்மதியாகப் படுக்கப் போவேன், விடிந்து பார்த்தால் நின்று கிடக்கும். ஒரு ரிசப்ஷன் வீடியோவைச் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாமல் பெண் வீட்டாரிடம் வாங்கிய பேச்சை இங்கே எழுத முடியாது.

கடைக்குப் போன் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். முதலில், “விண்டோஸ ஃப்ரெஷ்ஷா போடுங்ணா.” போட்டேன். அப்புறம், “எடிட்டிங் சாஃப்ட்வேர் கிராக் வெர்ஷனுங்களா?” மாதாமாதம் சந்தா கட்டுகிறவனைப் பார்த்து இந்தக் கேள்வி. அதற்கப்புறம், “உங்க ஏரியாவுல கரண்ட் ஏறி இறங்கும், நல்ல யுபிஎஸ் ஒண்ணு எடுத்துக்குங்க, நம்மகிட்டயே இருக்குது.” புகார் சொல்ல வந்தவனிடமும் விற்கப் பார்க்கிறார்! மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். வைத்திருந்து, “எல்லாம் சரியா இருக்குதுங்ணா, எங்ககிட்ட நல்லாத்தான் ஓடுச்சு” என்று அப்படியே திருப்பிக் கொடுத்தார்கள். தொடர்ந்து கேட்க ஆரம்பித்ததும் போன் எடுப்பது நின்றது. வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும் வரும்.

பெங்களூரில் ஹார்டுவேர் வேலையில் இருக்கும் என் சித்தப்பா மகன் விடுமுறைக்கு வந்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. அவன் முதலில் திறந்தது பயாஸ் (வேகம், வோல்டேஜ் எல்லாம் மாற்றும் போர்டின் செட்டிங்ஸ் திரை) இல்லை, விண்டோஸின் ஈவென்ட் வியூவர். நான் விண்டோஸை அழித்துப் போடுவதற்கு முன், பழைய சி டிரைவை அப்படியே வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்து வைத்திருந்தேன். அதில் பழைய லாக், அதாவது பதிவேடு, இருந்தது. கம்ப்யூட்டர் எப்போது ஆன் ஆனது, எப்போது ஆஃப் ஆனது என்பதெல்லாம் அதில் பதிவாகும். மெஷினை நான் எடுப்பதற்கு முந்தைய நாள் மாலை ஆன் ஆகியிருக்கிறது. ஒரு மணி நேரம் கூட ஆகாமல் ஆஃப். அடுத்து ஆன் ஆனது மறுநாள், நான் கடையில் உட்கார்ந்து டீ குடித்த நேரத்தில். ராத்திரி முழுக்க ஓட்டிய டெஸ்ட் எங்கே? அந்த ஒரு மணி நேரத்துக்குள்ளேயே டபிள்யூஹெச்இஏ லாகர் என்ற பெயரில், எண் 19 போட்ட எச்சரிக்கைகள் வரிசையாக இருக்கின்றன. ப்ராசஸருக்குள் பிழை வந்து, அது தானாகவே திருத்திக்கொண்டது என்று அர்த்தம். அதாவது என் கைக்கு வருவதற்கு முன்பே, அவர் கடை மேசையிலேயே அந்த சிப் தடுமாறியிருக்கிறது. அதைப் பார்க்காமல், அல்லது பார்த்துவிட்டே, என் தலையில் கட்டியிருக்கிறார்.

பயாஸைத் திறந்தால் இன்னும் மோசம். வோல்டேஜ் 1.45 வோல்ட்டில் நிலையாகப் பூட்டப்பட்டிருந்தது. பவர் லிமிட் 4096 வாட், அதாவது வரம்பே இல்லை. இந்த சிப்புக்குக் கம்பெனி சொல்லும் அதிகபட்ச டர்போ பவர் 190 வாட். ப்ராசஸர் இழுக்கும் மின்சாரம் வோல்டேஜின் வர்க்கத்துக்கு (வோல்டேஜை அதனாலேயே பெருக்கினால் வரும் எண்ணுக்கு) ஏற்ப ஏறும். 1.25-லிருந்து 1.45-க்கு ஏற்றினாலே மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதன் மேல் வேகம் கூடியதற்குத் தனிக் கணக்கு. அந்தச் சூட்டை என் பழைய 240 எம்எம் லிக்விட் கூலர் தகரக் கூரைக்குக் கீழே எப்படி இறக்கும்? எக்ஸ்போர்ட் போட்ட கொஞ்ச நேரத்திலேயே 100 டிகிரி. இந்த சிப்பின் எல்லையே 100 டிகிரிதான். அங்கே போனதும் அது தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, நான் 6,000 ரூபாய் கொடுத்து வாங்கிய 5.2 வேலை நேரத்தில் நிற்கவே இல்லை.

ஓவர்க்ளாக்கிங்கே ஏமாற்று என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் செய்பவர்கள் இருக்கிறார்கள், அது பொறுமையான வேலை. வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியை (மல்டிப்ளையர்) ஒவ்வொரு படியாக ஏற்ற வேண்டும். எவ்வளவு குறைந்த வோல்டேஜில் நிற்கிறது என்று தேட வேண்டும். பிரைம்95, ஓசிசிடி மாதிரி டெஸ்ட்டுகளை மணிக்கணக்கில் ஓட்டி, சூட்டையும் பிழையையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே மாடலில் இரண்டு சிப் வாங்கினால், ஒன்று 1.3 வோல்ட்டிலேயே சாதுவாக ஓடும், இன்னொன்று 1.45 கொடுத்தாலும் முரண்டு பிடிக்கும். அதனால் டப்பாவைப் பிரிப்பதற்கு முன்பே ‘5.2 உறுதி’ என்று யாராலும் சொல்ல முடியாது. சொன்னார் என்றால், எண்ணை முதலில் விற்றுவிட்டு, சிப் அங்கே போகிற வரை வோல்டேஜைத் திணிக்கப் போகிறார் என்றுதான் பொருள். என் சிப்புக்கு நடந்தது அதுதான். இவ்வளவும் எதற்கு? 12700கே எதையும் தொடாமலேயே எல்லா பெரிய கோரிலும் 4.7 ஓடும். 5.2 என்பது அதைவிடப் பத்து சதவீதம் சொச்சம்தான்.

என் சித்தப்பா மகன் எல்லாவற்றையும் டீஃபால்ட்டுக்கு மாற்றினான். இனி சரியாகிவிடும் என்று நினைத்தோம். ஆகவில்லை. கம்பெனி வேகத்திலேயே இப்போது பிழை வருகிறது. அவன் கொண்டு வந்திருந்த வேறொரு சிப்பை அதே போர்டில், அதே ராமில் போட்டால் விடிய விடிய ஓடுகிறது. அதிக வோல்டேஜும் அதிகச் சூடும் சேர்ந்து என் சிப்பைத் தேய்த்துவிட்டன. 4.3-க்கு இறக்கினால்தான் நிற்கிறது. வேகமாக்க என்று காசு கொடுத்தேன், டப்பாவிலிருந்து எடுத்த வேகம்கூட இல்லாமல் கையில் இருக்கிறது. 33,000 ரூபாய்!

இதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பிய பிறகுதான் இன்று பேசினார். என்ன சொன்னார் தெரியுமா? “ஓவர்க்ளாக் பண்ணின சிப்புக்கு வாரண்டி கிடையாதுங்ணா, அது கம்பெனி ரூல்ஸ்.” ஓவர்க்ளாக் செய்தது யார்? அதற்குக் காசு வாங்கியது யார்? வாங்கும்போது மூன்று வருட வாரண்டி என்று சொன்னவர், இந்த 6,000 ரூபாய் வேலையால் அது போய்விடும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதோடு விடவில்லை. “ஓவர்க்ளாக் பண்ணவே இல்லைன்னு எழுதிக் கொடுங்க, கிளைம் போட்டுப் பாக்கலாம்” என்றார். என் கையெழுத்தில் பொய் எழுதிக் கொடுக்கச் சொல்கிறார். முடியாது என்று சொன்னேன். “அப்ப நாங்க ஒண்ணும் பண்ண முடியாது” என்று வைத்துவிட்டார்.

பில்லை எடுத்துப் பார்த்தால், அந்த 6,000-க்கு ‘அசெம்பிளிங் சார்ஜ்’ என்று போட்டிருக்கிறது. ஓவர்க்ளாக் என்ற சொல்லே இல்லை. நல்லவேளை, “5.2 லாக் பண்ணியாச்சுங்ணா, வந்து எடுத்துக்குங்க” என்று அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் வாட்ஸ்அப்பில் இருக்கிறது.

விவரமாக எழுதுகிறேன் என்றேன், இப்போது இருக்கிற மனநிலையில் இவ்வளவுதான் வருகிறது. ட்யூனிங்குக்குக் காசு கொடுத்தால் என்ன வேகம், என்ன வோல்டேஜ், என்ன டெஸ்ட், எவ்வளவு நேரம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். சிப் கெட்டால் யார் பொறுப்பு என்பதும் எழுத்தில் வேண்டும். சிபியு-இசட் எண்ணையும் ஒரு சினிபெஞ்ச் ஓட்டத்தையும் பார்த்து மெஷினை எடுக்காதீர்கள். முதல் நாளே ஈவென்ட் வியூவர் திறந்து டபிள்யூஹெச்இஏ இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் அன்றே திருப்பிக் கொண்டுபோய் வையுங்கள். எதற்கும் பழைய லாக்கைக் காப்பி எடுத்து வைக்காமல் விண்டோஸை அழிக்காதீர்கள், அவர்கள் முதலில் சொல்வதே அதைத்தான்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் இன்று மாலை புகார் பதிந்துவிட்டேன். அதில் பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. பில், லாக், பயாஸ் படங்கள் எல்லாம் பிரிண்ட் எடுத்தாகிவிட்டது. இதே மாதிரி ட்யூனிங் பேக்கேஜில் மாட்டியவர்கள் கோவையில் வேறு யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே மனு போடலாம்.