கிளிநொச்சியில் மினிடீவி கசெற்றுகளைக் கணினிக்கு மாற்றிய அனுபவம்

2003ஆம் ஆண்டு ஆனி மாதம் கனடாவிலிருந்து வந்த என் சின்ன மாமா, வட்டக்கச்சியில் எங்கள் வளவுக்குள் நின்று எடுத்த மூன்று மினிடீவி (MiniDV) எனும் சிறிய எண்முறை வீடியோ கசெற்றுகளைக் கடந்த மாதம் கணினிக்கு மாற்றினேன். கிளிநொச்சி டிப்போச் சந்தியிலிருந்து சற்றுத் தள்ளி, ஏ9 வீதியோரம் இருக்கும் ஒரு சிறிய ஸ்ரூடியோவில்தான் இந்த வேலை நடந்தது. போரால் மூடிக் கிடந்த அந்தப் பாதை 2002 சித்திரையில் திறக்கப்பட்டதிலிருந்து 2006 ஆவணியில் மூடப்படும் வரை, வெளிநாட்டிலிருந்து வன்னிக்கு வந்த உறவினர் பலரின் கையில் இப்படியொரு கமரா இருந்ததால், இவ்வகைக் கசெற்றுகள் இன்னும் எத்தனையோ வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கும் என்று நம்புகிறேன். அவர்களுக்காகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு அல்பங்கள் எவையும் மிஞ்சவில்லை. 2008இன் கடைசியில் இடம்பெயர்ந்தபோது எடுத்துச் சென்றவை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று மாறி மாறி ஓடியதில் எங்கோ விடுபட்டுப் போயின. அம்மம்மா நடமாடிக் கதைக்கும் காட்சி என்று எங்களுக்கு இருப்பது, ரொறன்ரோவில் ஒரு பெட்டிக்குள் கிடந்த இந்த மூன்று மணித்தியாலம் மட்டுமே.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இந்த மூன்றில் ஒரு கசெற்றை வேறோர் ஊரிலுள்ள கடையொன்றில் கமராவுடன் சேர்த்துக் கொடுத்திருந்தோம். அவர்கள் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் தலைகள் கொண்ட வயரைக் கமராவில் செருகி, டிவிடி ரெக்கோடர் ஒன்றில் பதிந்து கொடுத்தார்கள். கசெற்றில் எண்முறையில் இருக்கும் காட்சி அந்த வயரின் வழியே ஒப்புமைச் (அனலொக்) சமிக்ஞையாக வெளியேறி, டிவிடியில் மறுபடியும் சுருக்கப்பட்டதால் முகங்கள் மங்கலாகிவிட்டன. அது கூடப் பரவாயில்லை. முன்னால் பூக்கள் பறக்கும் தலைப்பு ஒன்றைச் சேர்த்து, அம்மம்மா கதைக்கும் இடங்களிலெல்லாம் அவருடைய குரலை நீக்கிவிட்டு ஒரு சினிமாப் பாடலைப் போட்டிருந்தார்கள். அம்மா அந்தத் தட்டை இரண்டாம் முறை பார்க்கவில்லை. மூலக் கசெற்று பத்திரமாகத் திரும்பி வந்தது ஒன்றே ஆறுதல்.

இந்த ஸ்ரூடியோவில் பொறுப்பாக நின்ற இளைஞர் விலையைச் சொல்வதற்கு முன்பே, “அக்கா, கமரா எந்த நாட்டில வாங்கினது?” என்று கேட்டார். அந்தக் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை பிறந்தது. இலங்கையிலும் ஐரோப்பாவிலும் பால் (PAL) எனும் வீடியோ முறை; அதில் ஒரு காட்சிச் சட்டத்துக்கு 576 வரிகள், செக்கனுக்கு 25 சட்டங்கள். கனடாவில் வாங்கிய கமராவோ என்ரிஎஸ்சி (NTSC) முறையில் 480 வரிகளுடன் செக்கனுக்கு ஏறத்தாழ 30 சட்டங்களாகப் பதியும். கடையில் இருப்பது பால் கமரா; அதில் என்ரிஎஸ்சி கசெற்று சரியாக ஓடாது. மாமா இம்முறை ஊருக்கு வந்தபோது தம் பழைய கமராவையும் மின்னேற்றியையும் கொண்டு வந்திருந்ததால் எங்கள் வேலை தடைப்படவில்லை. கனடாவிலோ அமெரிக்காவிலோ எடுத்த கசெற்று வைத்திருப்பவர்கள், அதை எடுத்த கமராவையும் கொண்டு செல்வதே நல்லது.

அவர் அடுத்துச் செய்தது, மூன்று கசெற்றுகளின் ஓரத்திலும் உள்ள சிறிய தாழ்ப்பாளைப் பாதுகாப்பு நிலைக்குத் தள்ளியது. தவறுதலாகப் பதிவுப் பொத்தான் அழுத்தப்பட்டாலும் பழைய காட்சி அழியாமல் இருப்பதற்கான ஏற்பாடு அது. இருபது ஆண்டுகளாக அது திறந்தே இருந்திருக்கிறது என்பதை நினைக்க எனக்கு நெஞ்சு பதறியது.

கமராவில் யூஎஸ்பி துளை இருந்தாலும், அக்காலத்துக் கமராக்கள் பலவற்றில் அது நிழற்படங்களுக்கும் தரம் குறைந்த காட்சிக்குமே உதவும். கசெற்றில் உள்ளதை உள்ளபடி எடுக்க வேண்டுமானால் ஃபயர்வயர் (FireWire) என்ற வயர் இணைப்பு வேண்டும். சோனி கமராக்களில் அதை ஐலிங்க் என்று எழுதியிருப்பார்கள். இப்போதைய மடிக்கணினிகளில் அந்த இணைப்பு இல்லாததால், இந்த வேலைக்கென்றே ஃபயர்வயர் கார்ட் பொருத்திய பழைய மேசைக்கணினி ஒன்றை அவர் பேணி வருகிறார். மின்வெட்டுக்கு யூபிஎஸ்சும் உண்டு. ஒரு மணித்தியாலக் கசெற்று மாறுவதற்கு ஒரு மணித்தியாலம் முழுமையாக ஓட வேண்டும் என்பதால், இடையில் மின்சாரம் நின்றால் அந்தப் பகுதியை மறுபடியும் ஓடவிட வேண்டியிருக்கும்.

இரண்டாவது கசெற்றில் பத்து நிமிடம் போனதும் திரை சதுரம் சதுரமாகச் சிதறத் தொடங்கியது. கசெற்று பழுது என்றே நான் முடிவு கட்டிவிட்டேன். அவர் உடனே நிறுத்தி, கமராவில் கசெற்றைப் படிக்கும் தலைப்பகுதியில் தூசு படிந்திருக்கும் என்று சொல்லி, சுத்தப்படுத்தும் கசெற்றைச் சில செக்கன் மட்டும் ஓடவிட்டுப் பின் தொடக்கத்திலிருந்து மறுபடியும் எடுத்தார். காட்சி தெளிவாக வந்தது. இரண்டாம் ஓட்டத்துக்குப் பணம் கேட்கவில்லை.

அம்மாவுக்கு ஒரு கதிரையும் ஹெட்போனும் கொடுத்து, மாறும்போதே பார்க்க விட்டார்கள். அம்மம்மா கிணற்றடியில் நின்று மாமாவிடம், “வெயிலுக்க நிண்டது காணும், வா சாப்பிட” என்று கூப்பிடும் இடத்தில் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். டிவிடியில் பாடல் ஓடிய இடம் அதுதான்.

ஃபயர்வயர் வழியாக எடுத்ததால் வேறொன்றும் கிடைத்தது. கசெற்றில் காட்சியோடு பதிந்திருந்த திகதியும் நேரமும் கோப்புக்குள் அப்படியே வந்திருக்கின்றன. காலை எட்டு மணிப் பொங்கல் முந்திய இரவு பத்தரை என்று காட்டியபோது குழம்பினோம்; மாமா கடிகாரத்தை ரொறன்ரோ நேரத்திலேயே விட்டிருக்கிறார். அந்நாளில் கொழும்பு நேரம் அரை மணித்தியாலம் முந்தியிருக்க, வன்னியில் பழைய நேரமே நடந்தது என்பதை நினைவில் வைத்து ஒன்பதரை மணித்தியாலத்தைக் கூட்டியதும் கணக்குச் சரியாக வந்தது. எந்தக் காட்சி எந்த நாளில் எடுத்தது என்பதை இனி ஊகிக்கத் தேவையில்லை.

ஒரு கசெற்றுக்கு ஏறத்தாழ 13 ஜிபி ஆகிறது. பென் ட்ரைவ் ஃபாற்32 (FAT32) எனும் கோப்பு அமைப்பில் இருந்தால் 4 ஜிபியை விடப் பெரிய கோப்பு ஏறாது. அவர் எக்ஸ்ஃபாற் அமைப்புக்கு மாற்றிப் பதிந்து தந்தார்; ஆனால் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சி அந்த அமைப்பைப் படிக்கவில்லை. அதோடு, மூலக் கோப்பைக் கணினியில் பார்க்கும்போது ஓடும் பிள்ளைகளின் ஓரங்கள் சீப்பின் பற்கள் போலப் பிரிந்து தெரியும். இவற்றை முன்கூட்டியே சொல்லியிருக்கலாம். மறுநாள் போய்ச் சொன்னதும், அந்த ஓரங்களைச் சீராக்கிய சிறிய எம்பி4 பிரதிகளை ஃபாற்32 ட்ரைவ் ஒன்றில் செய்து கொடுத்தார். கைத்தொலைபேசியிலும் அவை நன்றாக ஓடுகின்றன. மூலக் கோப்பை அழித்துவிட வேண்டாம் என்று அவர் இரண்டு முறை வற்புறுத்தியதால், அதை வன்தட்டு ஒன்றில் இட்டு, இன்னொரு பிரதியை மாமாவிடம் கொடுத்தனுப்பினோம்.

மற்றொரு குறை, கோப்புகளுக்கு வெறும் இலக்கங்களையே பெயராக இட்டிருப்பது. ஆண்டையும் இடத்தையும் எழுதிக் கொடுத்திருந்தேன், அதைப் பயன்படுத்தவில்லை.

கட்டணம் கசெற்று ஒன்றுக்கு 1,500 ரூபாய். தலைப்பு, பாட்டு, மாலை விழும் சட்டங்கள் எதுவும் சேர்க்க வேண்டாம் என்று நான் சொல்ல வாயெடுக்க முன்னரே, “நாங்க ஒண்டும் சேர்க்கமாட்டம் அக்கா” என்றார். திருமண வேலைகள் நிறைந்த மாதங்களில் ஒரு கிழமைக்கு மேல் காத்திருக்க நேரிடலாம்.

மாமா பின்னர் வாங்கிய கமராவின் 8 சென்ரிமீற்றர் டிவிடித் தட்டுகள் நான்கையும் காட்டினோம். இரண்டு உடனே திறந்தன. மற்ற இரண்டும் எடுத்த பின் பைனலைஸ் செய்யப்படாதவை, அதாவது மற்றக் கருவிகளிலும் ஓடும்படி பதிவு முடித்து வைக்கப்படாதவை. அவற்றை எடுத்த அதே கமராவில் இட்டு முடித்தால் நல்லது என்று சொல்லி, வேறு வழியில் முயன்று பார்க்காமல் அப்படியே உறையில் இட்டுத் திருப்பித் தந்தார். மாமா ரொறன்ரோவில் அந்தக் கமராவைத் தேடிக்கொண்டிருக்கிறார்.