இஸ்ரேலுக்கு அமெரிக்க ராணுவ உதவி: அப்படியே தொடரணுமா, கண்டிஷன் போடணுமா, நிறுத்தணுமா?

ஒபாமா இருந்தப்போ 2016 செப்டம்பர்ல கையெழுத்தான ஒப்பந்தம் 2028ஓட முடியுது. பத்து வருஷத்துக்கு மொத்தம் 3,800 கோடி டாலர், அதாவது வருஷத்துக்கு 330 கோடி ஆயுதம் வாங்க, 50 கோடி ஏவுகணைத் தடுப்புக்கு. அடுத்து என்ன பண்ணணும்னு பேசுற பல பேர் "குடு", "குடுக்காதே"ன்னு ரெண்டே கட்சியா பிரிஞ்சு நிக்கிறாங்க, நடுவுல ஏற்கெனவே இருக்குற சட்டங்களைப் பத்தி யாரும் சரியா பேசுறதில்ல. அங்கதான் விஷயமே இருக்குங்கிறது என் கருத்து.

முதல்ல, அப்படியே தொடரணும்ங்கிற பக்கம். அவங்க சொல்றதுல நியாயம் இல்லாம இல்ல. 2023 அக்டோபர் 7ல ஹமாஸ் தலைமையில வந்தவங்க ஒரே நாள்ல சுமார் 1,200 பேரைக் கொன்னு 250 பேரைக் கடத்திட்டுப் போனாங்க, 2024 ஏப்ரல்லயும் அக்டோபர்லயும் ஈரான் நேரடியா ஏவுகணை விட்டுச்சு, 2025 ஜூன்ல பன்னெண்டு நாள் சண்டையே நடந்துச்சு, அத்தனை தடவையும் இடைமறிப்பு ஏவுகணை இல்லேன்னா ஊருக்குள்ள எத்தனை பேர் செத்திருப்பாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. அயர்ன் டோம்ங்கிற ராக்கெட் தடுப்பு அமைப்புக்கு அமெரிக்கப் பணம் 2011ல இருந்தே போகுது, அந்தப் பணம் பொதுமக்கள் உயிரைக் காப்பாத்துச்சு, அதுல எனக்கு சந்தேகமே கிடையாது. இன்னொன்னு, இந்தக் காசு கடைசியில அமெரிக்க ஆயுதக் கம்பெனிகளுக்குத்தான் திரும்பி வருது, முன்னாடி நாலுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலா இஸ்ரேல் உள்நாட்டுலயே செலவு பண்ண அனுமதி இருந்துச்சு, அதையும் 2016 ஒப்பந்தம் படிப்படியா எடுத்துடுச்சு.

ஆனா இது எவ்வளவு தாராளமான ஏற்பாடுன்னு பலருக்குத் தெரியாது. மத்த நாடுகளுக்குத் தவணையா போற உதவி, இஸ்ரேலுக்கு மட்டும் பட்ஜெட் பாஸ் ஆன முப்பது நாளுக்குள்ள மொத்தமா நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில இருக்குற வட்டி வர்ற கணக்குக்குப் போயிடும். இஸ்ரேல் ஏழை நாடும் இல்ல, ஸ்டாக்ஹோமில் இருக்குற சிப்ரி ஆய்வு நிறுவனத்தோட கணக்குப்படி 2024ல அது ராணுவத்துக்கு செலவு பண்ணது 4,650 கோடி டாலர், வழக்கமா வருஷாவருஷம் போற அமெரிக்க உதவி அதுல பத்துல ஒரு பங்கு கூட வராது. பணம் எப்படியும் வந்துடும்னு தெரிஞ்சா எதுக்காகவாவது யாராவது இறங்கி வருவாங்களா? பாலஸ்தீனர்களோட ஆஸ்லோ சமாதான ஒப்பந்தம் போட்ட 1993ல, பாலஸ்தீனர்கள் வாழுற மேற்குக் கரையில குடியேறின இஸ்ரேலியர்கள் சுமார் ஒரு லட்சம் பேர், இப்போ கிழக்கு ஜெருசலேமைக் கணக்குல சேர்க்காமலே அஞ்சு லட்சம் தாண்டியாச்சு. அமெரிக்க அரசுகள் வேணாம் வேணாம்னு சொல்லிட்டே இருந்துச்சு, உதவியும் போயிட்டே இருந்துச்சு.

ரெண்டாவது வழி கண்டிஷன். இதுக்குப் புதுசா சட்டம் கூட வேணாம். மனித உரிமையை மோசமா மீறுற படைப்பிரிவுக்கு உதவி கூடாதுன்னு 1997ல இருந்து லேஹி சட்டம் இருக்கு. அமெரிக்க நிவாரணப் பொருளைத் தடுக்குற நாட்டுக்கு உதவி கிடையாதுன்னு வெளிநாட்டு உதவிச் சட்டத்துல 620-I பிரிவு இருக்கு. தற்காப்பு, உள்நாட்டுப் பாதுகாப்பு மாதிரி சில காரணங்களுக்கு மட்டும்தான் ஆயுதம்னு 1976 ஆயுத ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கு.

"இஸ்ரேல்கிட்ட அழுத்தம் எடுபடாது"ன்னு சொல்றவங்க வரலாறைப் பார்க்கணும். 1957ல ஐசனோவர் தடை வரும்னு மிரட்டுனதும் சில வாரத்துல, முந்தின வருஷப் போர்ல பிடிச்ச சினாயில இருந்தும் காஸாவுல இருந்தும் இஸ்ரேல் படை வெளியேறிடுச்சு, அப்போ பெரிய ராணுவ உதவியே கிடையாது, பொருளாதார அழுத்தம் மட்டும்தான். லெபனான் போர்ல கொத்துக் குண்டைப் பயன்படுத்தின விதத்துக்காக 1982ல ரீகன் அந்தக் குண்டு அனுப்புறதையே நிறுத்தினார், ஆறு வருஷம் அனுப்பல. 1991ல மூத்த புஷ் குடியேற்றத்தைக் காரணம் காட்டி 1,000 கோடி டாலர் கடன் உத்தரவாதத்தைத் தள்ளி வெச்சார், அடுத்த வருஷம் இஸ்ரேல் பிரதமர் ஷமீர் தேர்தல்ல தோத்து ராபின் வந்தாரு, அதுக்கப்புறம்தான் உத்தரவாதம் கிடைச்சுது. ஷமீர் தோத்ததுக்கு இது ஒன்னுதான் காரணம்னு நான் சொல்லல, ஆனா வாஷிங்டனோட உறவு கெட்டுப் போச்சுங்கிறது அந்தத் தேர்தல்ல பெரிய பேச்சா இருந்துச்சு. இந்த மூணு அமெரிக்க அதிபர்களுமே குடியரசுக் கட்சிக்காரங்க, அதனால அழுத்தம் குடுக்குறது இடதுசாரி ஐடியான்னு சொல்றது சரியில்ல.

இதையே 2024ஓட வெச்சுப் பாருங்க. ஏப்ரல்ல அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் கூடுதலா 1,400 கோடி டாலர் அளவுக்கு ராணுவ உதவி பாஸ் பண்ணுது, மே மாசம் காஸாவோட தெற்குல இருக்குற ரஃபா நகரத்துக்குள்ள போகாதீங்கன்னு சொல்லி பைடன் 2,000 பவுண்டு குண்டு ஒரு ஷிப்மென்ட்டை மட்டும் நிறுத்துறாரு, மத்த எல்லாம் போயிட்டே இருக்கு, ரஃபாவுக்குள்ள படையும் போயிடுச்சு. அதே மாசம் வெளிவந்த வெளியுறவுத்துறை அறிக்கை, அமெரிக்க ஆயுதம் சர்வதேச மனிதாபிமானச் சட்டத்துக்கு முரணா பயன்பட்டிருக்கும்னு கருத நியாயமான இடம் இருக்குன்னு சொல்லிட்டு, ஆனா ஆயுதத்தை நிறுத்துற அளவுக்கு எந்த முடிவுக்கும் வரலன்னு முடிச்சுது. காஸா சுகாதார அமைச்சகக் கணக்குப்படி 2025 அக்டோபர் போர்நிறுத்தத்துக்குள்ள செத்தவங்க 67,000க்கு மேல. நிறுத்தி வெச்ச குண்டுகளை 2025 ஜனவரியில டிரம்ப் விட்டுட்டார். இதுக்குப் பேரு கண்டிஷன் இல்லீங்க, மனசே இல்லாம பண்ண காரியம், இதைக் காட்டி "பாருங்க கண்டிஷன் வேலை செய்யல"ன்னு சொல்றது எப்படி நியாயம்?

எகிப்தையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கணும். இஸ்ரேலோட போட்ட 1979 சமாதான ஒப்பந்தத்தோட தொடர்ச்சியா எகிப்துக்கு வருஷம் 130 கோடி டாலர் ராணுவ உதவி போகுது, அதுல ஒரு பகுதியை மனித உரிமையோட காங்கிரஸே கட்டி வெச்சிருக்கு, அதை வெச்சு 2021ல 13 கோடி டாலரைப் பிடிச்சும் வெச்சாங்க. எகிப்து கோவிச்சுக்கிட்டு ஒப்பந்தத்தைக் கிழிச்சுப் போடல. ஒரு கூட்டாளிக்கு இயல்பா இருக்குற விதி இன்னொரு கூட்டாளிக்கு மட்டும் ஏன் துரோகம் ஆகுதுன்னு எனக்குப் புரியல.

இந்த வழியில இருக்குற நிஜமான சிக்கல் ஒன்னு உண்டு. ஆயுதம் மொத்தமா போகுது, எந்தக் குண்டு எந்தப் படைப்பிரிவு கைக்குப் போச்சுன்னு அமெரிக்காவுக்கே தெரியாது, லேஹி சட்டமோ படைப்பிரிவு வாரியா பார்க்கச் சொல்லுது. மனித உரிமை மீறல் புகாருக்கு ஆளான நெட்சா யெஹுதாங்கிற இஸ்ரேல் பட்டாலியன் விஷயம் 2024ல பேசப்பட்டு, நிவர்த்தி ஆயிடுச்சுன்னு சொல்லி ஆகஸ்ட்ல முடிச்சுட்டாங்க.

மூணாவது வழி, இலவச உதவியை நிறுத்திட்டு வேணும்னா காசு குடுத்து வாங்கிக்கோன்னு சொல்றது. இதுக்கு ரெண்டு பக்கமும் ஆள் இருக்கு, இஸ்ரேல் வலதுசாரிகள்லயே நிறைய பேர் அமெரிக்கப் பணம் நம்ம கையைக் கட்டுதுன்னு நினைக்கிறாங்க, அமெரிக்க அழுத்தத்துல 1987ல லாவி போர் விமானத் திட்டத்தைக் கைவிட்டது அவங்களுக்கு இன்னும் மறக்கல. முன்னுதாரணமும் இருக்கு. 1996ல நெதன்யாகு காங்கிரஸ்ல நின்னு பொருளாதார உதவியைக் குறைச்சுக்கிறோம்னு சொன்னாரு, வருஷம் 120 கோடியா இருந்தது பத்து வருஷத்துல பூஜ்யம் ஆச்சு, ஆனா குறைஞ்சதுல பாதி ராணுவ உதவியா மாறி வந்துச்சு.

உதவியை நிறுத்தணும்னு போராடுறவங்க இங்க ஒன்னை கவனிக்கணும். லேஹி சட்டம் அமெரிக்கா குடுக்குற உதவிக்குத்தான், ஒரு நாடு சொந்தக் காசுல வாங்குற ஆயுதத்துக்கு அது பொருந்தாது. இலவசத்தை நிறுத்தினா அமெரிக்க வரிப்பணம் மிச்சம், ஆனா இருக்குற பிடியில ஒன்னு போயிடும், அப்புறம் ஒவ்வொரு விற்பனையையும் காங்கிரஸ்ல ஓட்டெடுப்புலதான் தடுக்கணும், அதுல 2025 ஜூலையில செனட்டர் சாண்டர்ஸ் கொண்டு வந்த தீர்மானத்துக்கு நூறு பேர் இருக்குற செனட்ல அதிகபட்சமா கிடைச்சது 27 ஓட்டு.

முழு ஆயுதத் தடை பத்தி சுருக்கமா சொல்லிடுறேன். 2019ல இருந்து 2023 வரைக்கும் இஸ்ரேல் இறக்குமதி பண்ண பெரிய ஆயுதங்கள்ல 69 சதவீதம் அமெரிக்காவோடது, 30 சதவீதம் ஜெர்மனியோடது. அதனால அமெரிக்கா இல்லாம அந்தத் தடைக்கு அர்த்தமே இல்ல, இப்போதைக்கு வாஷிங்டன்ல அதுக்கு ஓட்டும் இல்ல.

என்னைக் கேட்டா இடைமறிப்பு ஏவுகணைப் பணத்தைத் தனியா பிரிச்சு, எந்தக் கண்டிஷனும் இல்லாம தொடரணும், ஏன்னா அது யாரையும் கொல்றதில்ல. குண்டு, பீரங்கி, போர் விமானத்துக்கான 330 கோடியை 2028க்கு அப்புறம் வருஷாவருஷம் குறைக்கணும், மொத்தமா முன்கூட்டியே குடுக்காம மத்த நாடுகளுக்கு மாதிரி தவணையா குடுக்கணும், தவணைக்கு முன்னாடி 620-I பிரிவுப்படி நிவாரண லாரி தடையில்லாம போகுதான்னு வெளியுறவுத்துறை எழுதிக் குடுக்கணும். உதவி முழுசா நிக்கிறதுக்குள்ள லேஹி சட்டத்தை விற்பனைக்கும் நீட்டியாகணும். இதுக்கெல்லாம் காங்கிரஸ் மெஜாரிட்டி வேணும், இன்னைக்கு அது இல்ல, ஆனா 2028க்குள்ள நவம்பர் 2026 காங்கிரஸ் தேர்தல் ஒன்னு நடுவுல வருது.