ஏக்கருக்கு நாற்பதா, நூற்றுப்பதினைந்தா, அறுநூற்றெழுபத்தைந்தா? ஆலிவ் தோப்பின் மூன்று கணக்குகள்

மாவில் அதி அடர் நடவு செய்தவர்களுக்கு 3க்கு 2 மீட்டர் என்ற இடைவெளி மனப்பாடம். ஏக்கருக்கு 674 கன்று. ஸ்பெயினில் ஆலிவை வேலிபோல் நெருக்கி நடுபவர்கள் சொல்லும் 4க்கு 1.5 மீட்டரும் மரத்துக்கு அதே ஆறு சதுர மீட்டர்தான். எண் ஒன்றானாலும் நோக்கம் வேறு. மாவில் மரத்தைக் குட்டையாக வைப்பது பறிப்பவர் கைக்கு எட்டுவதற்காக. ஆலிவில் மரத்தைக் குட்டையாக வைப்பது அது ஓர் இயந்திரத்தின் வயிற்றுக்குள் நுழைந்து வெளியே வரவேண்டும் என்பதற்காக.

ஆகவே ஆலிவ் தோப்பு போட நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது "எந்த ரகம்?" என்பதல்ல, "யார் பறிக்கப் போகிறார்கள்?" என்பதுதான். கம்பால் அடிக்கும் ஆளா, தண்டைப் பிடித்து உலுக்கும் இயந்திரமா, வரிசையின் மேல் கவிந்து ஓடும் இயந்திரமா? இதற்குப் பதில் வந்துவிட்டால் இடைவெளி, ரகம், கவாத்து (கிளை வெட்டிச் சீராக்குவது), தண்ணீர், கடன் எல்லாம் பெரும்பாலும் தாமாகவே முடிவாகிவிடும். ரகத்தில் தொடங்கி அறுவடைக்கு வருபவர்கள்தான் இடையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூன்று முறைகளையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்கத் தெற்கு ஸ்பெயினின் ஆண்டலூசியா வசதியானது. அங்குள்ள ஹாயென் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஆலிவ் மரங்கள் உள்ளன. மலைச்சரிவில் பழைய தோப்புகள், கீழே அலையலையான மேட்டு நிலத்தில் நடுத்தர அடர்வுத் தோப்புகள், குவாதல்கிவிர் ஆற்றை ஒட்டிய சமவெளியில் வேலித் தோப்புகள் என்று உயரம் குறையக் குறைய மரங்கள் நெருங்கிக்கொண்டே வரும்.

மலைச்சரிவின் பழைய கணக்கு

மரத்துக்கு மரம் 10 முதல் 12 மீட்டர். ஹெக்டேருக்கு 70 முதல் 100 மரம். நம் கணக்கில் ஏக்கருக்கு முப்பதிலிருந்து நாற்பது. ஒவ்வொரு மரமும் இரண்டு மூன்று தண்டுகளோடு நிற்கும். அந்தக் காலத்தில் நாற்றங்கால் கன்று கிடையாது. நாம் முருங்கைப் போத்து ஊன்றுவதுபோல் ஒரே குழியில் பல தடித்த போத்துகளை ஊன்றினார்கள். வேர்பிடித்தவை எல்லாம் தண்டாகிவிட்டன.

இந்த இடைவெளியைப் பார்த்து "நிலத்தை வீணடிக்கிறார்கள்" என்று சொல்வது எளிது. ஆனால் அங்கே ஆண்டு மழை 500 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதுவும் இலையுதிர்காலத்திலிருந்து வசந்தம் வரை பெய்துவிட்டு, கோடையில் முற்றிலும் நின்றுவிடும். மானாவாரி மரம் ஒவ்வொன்றும் நூறு சதுர மீட்டர் மண்ணில் தேங்கிய ஈரத்தை வைத்துத்தான் கோடையைத் தாண்டுகிறது. பாசனம் இல்லாத இடத்தில் அந்த வெற்றிடமே மரத்தின் கிணறு.

வருமானம் என்று பார்த்தால் நிலைமை கடினம். ஹெக்டேருக்கு 2 முதல் 4 டன் காய், அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். ஒரு வருடம் குலுங்கக் காய்த்தால் மறு வருடம் ஓய்வு. நீண்ட கம்பால் கிளையை அடித்து, கீழே விரித்த வலையில் காயைச் சேர்த்து இழுக்க வேண்டும். தண்டைக் குலுக்கும் இயந்திரம் வந்தாலும் ஒரே மரத்தின் மூன்று தண்டுகளை மூன்று முறை பிடிக்க வேண்டும். சரிவு 20 சதவீதத்தைத் தாண்டினால் அந்த இயந்திரத்துக்கும் வேலை இல்லை. செலவில் பெரும்பகுதியை அறுவடைக் கூலியே விழுங்கிவிடும்.

புதிதாக யாராவது இப்படி நடலாமா? என் பதில்: கூடாது. பாட்டன் வைத்துவிட்டுப் போன மரம் இருந்தால் காப்பாற்றலாம். சியர்ரா மாகினா போன்ற புவிசார் அடையாளம் பெற்ற மலைப்பகுதியில் இருந்துகொண்டு, பச்சைக் காயை முன்கூட்டியே பறித்துச் சொந்தப் பெயரில் பாட்டிலில் விற்கத் தெரிந்தால் அது நல்ல தொழில். டேங்கர் லாரிக்கு மொத்த விலையில் ஊற்றுபவருக்கு இந்த முறையில் மிஞ்சுவது குறைவு.

சமவெளியின் வேலிக் கணக்கு

நடுவில் உள்ளதை விட்டுவிட்டு நேராகக் கீழே இறங்குகிறேன், ஏனென்றால் விளம்பரமெல்லாம் இதற்குத்தான். 1990களின் தொடக்கத்தில் வடகிழக்கு ஸ்பெயினின் கத்தலோனியாவில் சிலர், ஒயின் திராட்சை பறிக்கும் இயந்திரத்துக்கு ஏற்றபடி ஆலிவை நட்டுப் பார்த்தார்கள். வரிசைக்கு வரிசை 4 மீட்டர், கன்றுக்குக் கன்று ஒன்றரை மீட்டர், ஹெக்டேருக்கு 1,500 முதல் 2,000 கன்று. சில ஆண்டுகளில் தனிமரம் என்பதே மறைந்து நீண்ட பச்சைச் சுவராகிவிடும். இயந்திரம் அந்தச் சுவரின் இருபுறமும் கால்பரப்பி நகரும். உள்ளே உள்ள தடிகள் கிளையை அதிர வைக்கும். காய் தொட்டியில் விழும். ஒரு ஹெக்டேரை இரண்டு மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம். ஆள் பஞ்சம் என்ற சொல்லே அகராதியிலிருந்து போய்விடும்.

மூன்றாம் ஆண்டே விற்கும் அளவுக்குக் காய் கிடைக்கும்; ஐந்தாறு ஆண்டில் முழு விளைச்சல், பாசனத்தோடு ஹெக்டேருக்கு 8 முதல் 12 டன் வரை. இன்னொரு நன்மை அதிகம் பேசப்படுவதில்லை: காய் எந்த நாளில் பதமாக இருக்கிறதோ அந்த வாரத்திலேயே முழுத் தோப்பையும் பறித்து, அன்றைக்கே ஆலைக்கு அனுப்பிவிடலாம். எண்ணெயின் தரம் பாதி அங்கேதான் இருக்கிறது. குவித்து வைத்த காய் சூடேறிப் புளித்துவிட்டால் எந்த ரகமும் காப்பாற்றாது.

இனி மறுபக்கம். முதலில் ரகம். சுவருக்குள் அடங்கி நிற்கும் குறைந்த வீரியமுள்ள ரகங்கள் சிலவே: கத்தலோனியாவின் ஆர்பெகினா, ஆர்போசானா, கிரேக்கத்தின் கொரோனெய்கி. பிற்பாடு சேர்ந்தவற்றில் ஆண்டலூசியாவின் கோர்தோபாவில் பிக்வால் என்ற ஹாயென் ரகத்தையும் ஆர்பெகினாவையும் கலந்து உருவாக்கிய சிகிதிதா குறிப்பிடத்தக்கது. நமக்குப் பிடித்த ரகத்தை வைத்துப் பார்ப்போம் என்ற சுதந்திரம் இங்கே கிடையாது.

அடுத்தது வெளிச்சம். ஆலிவ், வெயில் பட்ட கிளையில்தான் பூக்கும். சுவர் உயர்ந்துகொண்டே போனால் அடிப்பகுதி நிழலில் மொட்டையாகிவிடும். வரிசையை வடக்கு தெற்காக ஓட்டி இருபக்கமும் வெயில் படும்படி வைப்பதும், வட்ட ரம்பம் பூட்டிய டிராக்டரால் தலையையும் பக்கத்தையும் தவறாமல் வெட்டுவதும், இரண்டரை மூன்று மீட்டருக்கு மேல் உயர விடாமல் இருப்பதும் கட்டாயம். ஒரு வருடம் கவாத்தைத் தள்ளிப்போட்டால் மறு வருடம் இயந்திரமே உள்ளே நுழையாது.

பிறகு முதலீடு. ஆயிரத்து அறுநூறு கன்று, அத்தனைக்கும் முட்டுக்கொம்பு, கம்பி, சொட்டுக் குழாய். அதன்மேல் அந்த இயந்திரம். பத்து ஹெக்டேர்காரர் அதைச் சொந்தமாக வாங்கினால் கடனுக்காகத்தான் விவசாயம் செய்ய வேண்டியிருக்கும். வாடகைக்கு விடுபவர் அருகில் இருக்கிறாரா, அவர் பட்டியலில் நம் தோப்புக்கு எத்தனையாவது இடம் என்பதைக் கன்றுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மரச்சுவர் எத்தனை ஆண்டு லாபத்தோடு நிற்கும் என்பதிலும் பேச்சு வேறுபடுகிறது. கணக்குப் போடும்போது இருபது ஆண்டுக்கு மேல் எழுதாமல் இருப்பது நல்லது.

ஒரு பக்கக் குறிப்பு: சமவெளியில் இந்த இயந்திரங்களை இரவிலும் ஓட்டினார்கள். குளிர்காலத்துக்கு வடக்கிலிருந்து வந்து மரச்சுவருக்குள் உறங்கும் சிறு பறவைகள் வெளிச்சத்தில் திகைத்துக் காயோடு தொட்டிக்குள் போயின. 2019இல் ஆண்டலூசியா இரவு அறுவடையை நிறுத்தியது. இயந்திர வாடகைக்காரரின் கால அட்டவணை அதனால் இன்னும் இறுகியது.

நடுவில் நிற்பது

7க்கு 5 அல்லது 7க்கு 6 மீட்டர். ஹெக்டேருக்கு 240 முதல் 285 மரம். ஏக்கருக்கு 96 முதல் 115. தென்னையை 7.5 மீட்டர் சதுரத்தில் வைப்பவர்களுக்கு இந்த இடைவெளி பழகியதாகவே தோன்றும். ஒரே தண்டு, தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் வரை கிளையில்லாமல் நேராக வளர்க்கப்பட்டது. குலுக்கும் இயந்திரத்தின் பிடி அந்த ஒரு மீட்டரில்தான் பதியும். தலைகீழாக விரிந்த குடை ஒன்று மரத்தைச் சுற்றிப் படர்ந்து நிற்க, சில விநாடி அதிர்வில் காய் குடைக்குள் கொட்டிவிடும்.

இங்கே ரகத்துக்கு ஏறக்குறைய முழுச் சுதந்திரம் உண்டு. ஹாயெனின் சொந்த ரகமான பிக்வால் காம்பிலிருந்து எளிதாகக் கழன்றுவிடும். ஓஹிபிளாங்கா என்ற ரகம் காயைப் பிடித்துக்கொண்டு அடம்பிடிக்கும். காய் சிறியதாக உள்ள ஆர்பெகினா குலுக்கலுக்கு அவ்வளவாக மசியாது. எடை குறைந்த காய்க்கு விழுவதற்கான உந்தம் போதாது. ஆக, வேலி முறையின் நாயகன் இங்கே சுமார். வேலிக்குள் அடங்காத பிக்வால் இங்கே நாயகன்.

குறை இதுதான்: காத்திருக்க வேண்டும். தண்டு குலுக்கலைத் தாங்கும் பருமன் பெற ஐந்தாறு ஆண்டாகும். அதுவரை கிடைக்கும் காயைக் கையால்தான் பறிக்க வேண்டும். முழு விளைச்சல் ஏழெட்டாம் ஆண்டில். குலுக்குபவருக்குப் பக்குவமும் வேண்டும். சாறு ஓடும் பருவத்தில் பிடியை இறுக்கினால் பட்டை உரிந்துவிடும், அந்தக் காயத்தில் நோய் குடியேறும். ஆனால் பத்தாம் ஆண்டுக்குப் பின், தண்ணீர் சமமாகக் கிடைத்தால், விளைச்சலில் இது வேலித் தோப்புக்குப் பெரிதாகப் பின்தங்குவதில்லை. மரமோ இன்னும் நாற்பது ஆண்டு நிற்கும்.

எண்ணெய்ப் பக்கம் பார்த்தாலும் எனக்கு நடுமுறையின் மேல் சாய்வு உண்டு. பிக்வால் எண்ணெயில் ஓலியிக் என்ற கொழுப்பு அமிலம் 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். கசப்பும் காரமும் தரும் பாலிஃபீனால்களும் அதிகம். நீண்ட நாள் கெடாது, பொரிக்கும் சூட்டையும் தாங்கும். ஆர்பெகினா எண்ணெய் இனிமையானது, பழ வாசம் கொண்டது, முதல்முறை ருசிப்பவர்களுக்கு உடனே பிடிக்கும். ஆனால் கத்தலோனியாவின் குளிருக்குப் பழகிய அந்த ரகத்தை வெப்பச் சமவெளிக்கு இறக்கும்போது ஓலியிக் அளவு இறங்குகிறது. பாட்டிலில் ஆயுளும் குறைகிறது. மொத்தச் சந்தை இந்த வித்தியாசத்துக்குத் தனி விலை தராமல் போகலாம், ஆனால் சொந்தப் பெயரில் விற்பவரின் வாடிக்கையாளர் ஆறு மாதம் கழித்துப் பாட்டிலைத் திறக்கும்போது தெரிந்துவிடும்.

மண்ணும் நோயும்

மூன்று முறைக்கும் பொதுவான எதிரி தேங்கும் தண்ணீர். கல்லிலும் சுண்ணாம்பிலும் பிழைக்கும் ஆலிவ், களிமண்ணில் நீர் நின்றால் வேர் மூச்சுத் திணறிச் சாகும். சமவெளியில் பார் அணைத்து மேட்டின் மேல் நடுவதற்குக் காரணம் அதுதான்.

அதைவிட மோசமானது வெர்டிசிலியம் வாடல் நோய். பருத்தியைத் தாக்கும் அதே பூஞ்சை. மண்ணில் பல ஆண்டு காத்திருக்கும். குவாதல்கிவிர் சமவெளியில் பருத்தி விளைந்த நிலம் மலிவாகவும் பாசனத்தோடும் கிடைக்கும், வேலித் தோப்புக்காரரின் கண் முதலில் விழுவதும் அங்கேதான். பிக்வால் இந்த நோய்க்கு எளிதில் இரையாகும். இத்தாலியின் பிராந்தோயோ ஓரளவு தாங்கும். முன்பு என்ன பயிர் இருந்தது என்று விற்பவரிடம் கேட்பதோடு நிற்காமல் அக்கம்பக்கத்தில் விசாரித்து, மண்ணை ஆய்வகத்துக்கும் அனுப்ப வேண்டும். கன்றும் நோயற்றது என்ற சான்றோடு வரவேண்டும்.

ஒன்றிரண்டு ரகத்தை மட்டும் நம்பினால் என்னவாகும் என்பதற்கு இத்தாலியின் புலியா இருக்கிறது. அங்கே 2013இல் சைலெல்லா என்ற பாக்டீரியா கண்டறியப்பட்டது. சாறுறிஞ்சும் ஒரு சிறு பூச்சி அதைப் பரப்பியது. பழைய உள்ளூர் ரகங்கள் லட்சக்கணக்கில் காய்ந்து நின்றன. தாக்குப்பிடித்து, மறுநடவுக்குக் கிடைத்தவற்றில் முக்கியமானவை லெச்சினோ, ஃபாவோலோசா என்ற இரண்டு. வேலித் தோப்பின் ரகப் பட்டியல் மிகச் சின்னது என்பதை இந்த வெளிச்சத்திலும் பார்க்க வேண்டும்.

தண்ணீர், விலை, கடன்

ஸ்பெயினின் ஆலிவ் எண்ணெய் உற்பத்தி 2021-22 பருவத்தில் ஏறத்தாழ 15 லட்சம் டன். வறட்சி வந்த 2022-23இல் ஏழு லட்சத்தைக்கூடத் தொடவில்லை. குவாதல்கிவிர் பாசனத்துக்கான ஒதுக்கீடு வெட்டப்பட்டது. 2024 ஜனவரியில் கிலோ எண்ணெய் 9 யூரோவை நெருங்கியது. 2025 தொடக்கத்தில் அது 4 யூரோவை ஒட்டி இறங்கிவிட்டது. இந்த ஊசலாட்டத்தில் மானாவாரி மரம் காய்க்காமல் போகும், ஆனால் செலவும் வைக்காது. வேலித் தோப்புக்கு நீர் இல்லாத ஆண்டிலும் கடன் தவணை உண்டு. போர்ச்சுகலின் அலென்தேஷுவில் அல்கேவா அணை கட்டப்பட்ட பிறகு மைல்கணக்கில் வேலித் தோப்புகள் எழுந்ததற்கு அணையின் நீர்தான் அடிப்படை. அணை இல்லாத இடத்தில் அந்தத் தோப்புகளைப் பார்த்து நடுவது ஆபத்து.

இதைப் படிக்கும் சிலர் நம் நிலத்தில் வைத்தால் என்ன என்று யோசிப்பீர்கள். ராஜஸ்தான் அரசு 2007 முதல் இஸ்ரேலியத் தொழில்நுட்பத்தோடு முயன்றது. பீகானேர் பகுதியில் எண்ணெய் ஆலையும் வந்தது. அங்கே குளிர்கால இரவு இருக்கிறது. ஆலிவ் பூமொட்டு கட்டக் குளிர் வேண்டும். தமிழகச் சமவெளியில் மரம் தழைக்கும், பூக்காது. விவிலியத்தில் ஒலிவ மரம் என்று படித்ததையும் ஜைத்தூன் எண்ணெய் என்று கடையில் வாங்குவதையும் தோட்டத்தில் பார்க்க ஆசைப்பட்டால் அழகுக்கு ஒன்று வைக்கலாம். இலங்கையின் வெரலிக்காயைச் சிலோன் ஆலிவ் என்பார்கள். அது வேறு குடும்பம்.

ஆண்டலூசியாவின் மேட்டு நிலத்தில் பத்து ஹெக்டேர், ஓரளவு கிணற்று நீர், மிதமான சரிவு உள்ள ஒருவர் என்னிடம் கேட்டால் 7க்கு 5இல் பிக்வாலைச் சொல்வேன். பருத்தி மண்ணாக இருந்தால் பிக்வாலைச் சொல்லமாட்டேன். நூறு ஹெக்டேர் சமநிலம், உறுதியான கால்வாய் உரிமை, பத்தாண்டில் போட்ட பணத்தை எடுக்க அவசரம் என்றால் வேலிதான். அதிலும் ஆர்பெகினாவை மட்டும் வைக்காமல், பிந்திப் பழுக்கும் ஆர்போசானாவையும் தனி வரிசைகளாகச் சேர்த்து அறுவடையைப் பரப்பிக்கொள்ளச் சொல்வேன். உறைபனி விழும் இடமானால் கன்றை இலையுதிர்காலத்தில் வைக்காமல் குளிர் கழிந்தபின் வைக்க வேண்டும். முயல் கடிக்காமல் ஒவ்வொரு கன்றுக்கும் உறை போட வேண்டும்.

எந்த முறையானாலும் காகிதத்தில் கோடு போடும்போது வரிசையின் இரு முனையிலும் இயந்திரம் திரும்ப ஆறேழு மீட்டர் வெற்று நிலம் விடுங்கள். எல்லைக்கல் வரை கன்றை அடுக்கியவர்கள், முதல் அறுவடை நாளில் வாடகை இயந்திரம் வாசலில் நிற்க, ஓரத்து மரங்களைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.