சர்க்குலரா, பேண்ட் சாவா? விரலையும் கணக்கில் சேர்த்துப் பார்த்தால்

சின்ன அளவில் மரச்சாமான் பட்டறை போடுபவர்கள் முதலில் வாங்கும் பெரிய மெஷின் பெரும்பாலும் சர்க்குலர்தான். மேசை நடுவே வட்ட ரம்பம் எட்டிப்பார்க்கும் அந்த மெஷினில்தான் நானும் தொழிலை ஆரம்பித்தேன். பிறகு அதைக் கொடுத்துவிட்டு, இரண்டு சக்கரத்தில் நாடா போல ரம்பம் ஓடும் 14 இஞ்ச் பேண்ட் சா வாங்கிப் போட்டேன். "வேகமா ஓடுறதைக் கொடுத்துட்டு யாராவது ஆமையை வாங்குவாங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் மொத்தமாக இங்கே.

வேகத்தில் சர்க்குலர்தான் முன்னால். வெட்டிய முகமும் அதில்தான் சுத்தமாக வரும்; பேண்ட் சாவில் வெட்டியதை இழைத்தே ஆக வேண்டும். உள்ளூரில் செய்த சர்க்குலர் விலையும் குறைவு, விற்கப் போனால் ஒரே வாரத்தில் ஆள் வந்துவிடும். இதிலெல்லாம் விவாதமே இல்லை. நான் மாறியதற்குக் காரணம் ஒன்றுதான்: ரம்பம் மரத்தை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பது.

அதற்கு முன்னால், நம் ஊரில் இந்த இரண்டையும்விட அதிகமாகப் புழங்கும் மூன்றாவது ஒன்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான்கு இஞ்ச் மார்பிள் கட்டரைக் கவிழ்த்து, ஒரு பிளைவுட் பலகைக்கு அடியில் முடுக்கி, பலகையில் நீளமாகப் பிளவு போட்டு பிளேடை மேலே நீட்டிவிடுவார்கள். சுவிட்சை டேப் ஒட்டி ஆனிலேயே வைத்து, பிளக்கைச் செருகினால் ஓடும், பிடுங்கினால் நிற்கும். வீட்டு வேலைக்குப் போகும் இடத்தில் பாதி சைட்டில் இதுதான் டேபிள் சா. கட்டர் நிமிடத்துக்குச் சுமார் 12,000 சுற்று சுற்றும். 110 மி.மீ. பிளேடின் ஓரம் அப்போது மணிக்கு 250 கி.மீ. அளவில் போகிறது. மூடி கழற்றியாயிற்று, பின்னால் தடுப்புத் தகடு கிடையாது, கைக்கெட்டும் தூரத்தில் நிறுத்தும் பொத்தானும் கிடையாது. கல் அறுக்கச் செய்த மெஷினில் பல் வைத்த மர பிளேடை மாட்டியிருக்கிறோம் என்பது வேறு. ஆங்கிள் கிரைண்டரில் மர பிளேடு மாட்டுவதும் இதே ரகம்தான். இவை இரண்டையும் ஒப்பீட்டுக்கே எடுத்துக்கொள்ளப் போவதில்லை. காசு இல்லையென்றால் கைரம்பம் இருக்கிறது.

சரி, சர்க்குலருக்கு வருவோம். வெட்டும்போது நம் பக்கம் உள்ள பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. மரத்தை மேசையில் அழுத்திப் பிடிக்கின்றன. அதுவரை நல்லது. ஆனால் அதே பிளேடின் பின்பக்கப் பற்கள் கீழிருந்து மேலே ஏறி, நம்மை நோக்கி வருகின்றன. வெட்டி முடிந்த மரம் அந்தப் பின்பக்கப் பல்லில் லேசாக உரசினால் போதும். பல் அதைக் கவ்வித் தூக்கி, நிற்பவர் வயிற்றுக்கு நேராக வீசும். 10 இஞ்ச் பிளேடு 4,000 சுற்றில் ஓடினால் ஓரத்தின் வேகம் மணிக்கு 190 கி.மீ. சொச்சம். மரமும் கிட்டத்தட்ட அந்த வேகத்தில்தான் கிளம்புகிறது. பட்டறையில் இதை 'உதை' என்போம்.

மரம் ஏன் பின்பல்லில் உரசப் போகிறது? கைடு, அதாவது மரத்தை ஒட்டித் தள்ள மேசையில் வைக்கும் நேர்ச்சட்டம், பிளேடுக்கு இணையாக இல்லாமல் பின்னால் கொஞ்சம் நெருங்கி இருந்தால் உரசும். நீளம் குறைந்த, அகலம் கூடிய துண்டு கைடை விட்டுத் திரும்பினாலும் உரசும். இவை இரண்டும் நம் கையில் இருக்கின்றன. மூன்றாவது காரணம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. நேராக வளராத மரத்திலும், ஈரம் சரியாகக் காயாத மரத்திலும் உள்ளே இறுக்கம் நிற்கும். நடுவில் பிளந்ததும் இரண்டு பாதியும் வளையும். சில துண்டுகளில் வெட்டுத் தடம் விரியும், சிலதில் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். எது எப்படி நடக்கும் என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. வேப்ப மரத்தில் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். பழைய வீட்டு உத்தரம் என்றால் கூடுதலாக உள்ளே முறிந்து கிடக்கும் ஆணி வேறு.

தெரிந்த ஒருவர் பட்டறையில் கட்டில் காலுக்கு வேம்பு பிளந்துகொண்டிருந்தார்கள். முக்கால் நீளம் போனதும் மோட்டார் சத்தம் கனத்தது. மரம் கருகும் வாடை வந்தது. தடம் மூடிக்கொண்டதை உணர்ந்து, ஓட்டிக்கொண்டிருந்த பையன் மரத்தைத் தன் பக்கம் லேசாக இழுத்தான். அடுத்த நொடி துண்டு அவன் இடுப்பை உரசிக்கொண்டு பின்சுவரில் மோதி, பூச்சைப் பெயர்த்துவிட்டு விழுந்தது. அவனுக்குக் காயம் மரம் பட்டதால் அல்ல. மரத்தைப் பக்கவாட்டில் அழுத்திக்கொண்டிருந்த இடது கைக்கு, மரம் திடீரென்று இல்லாமல் போனதும் தாங்க எதுவும் இல்லை. கை தன் அழுத்தத்திலேயே பிளேடு மேல் போய் விழுந்தது. நடுவிரலும் மோதிர விரலும் முதல் கணுவோடு போயின.

இதனால்தான் 'கவனமா இருந்தா ஒண்ணும் ஆகாது' என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை. கவனம் என்பது கை பிளேடுக்குப் போகாமல் காக்கும். மரம் நழுவி, கையைப் பிளேடுக்குக் கூட்டிப்போவதை அது காக்காது.

இதற்கு மருந்து இல்லாமல் இல்லை. பிளேடுக்குப் பின்னால், அதை ஒட்டியபடி நிற்கும் ஒரு இரும்புத் தகடு: ரிவிங் நைஃப். வெட்டுத் தடத்தைவிடச் சற்று மெல்லியதாகவும், பிளேடின் உடலைவிடச் சற்றுத் தடித்ததாகவும் இருக்கும். பிளேடை ஏற்றி இறக்கினால் அதுவும் கூடவே ஏறி இறங்கும். தடம் மூடப் பார்த்தால் பல்லைக் கவ்வ விடாமல் இது நடுவில் நிற்கும். நம் தொழிற்சாலை விதிகளிலேயே வட்ட ரம்பத்துக்கு இந்தத் தகடு, மேல்மூடி, தள்ளுகட்டை மூன்றும் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஆனால் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், கரண்டில் ஓடும் இடமென்றால் பத்துப் பேராவது வேலை பார்க்கும் இடத்தைத்தான் தொழிற்சாலை என்றது. மூன்று பேர் வேலை பார்க்கும் பட்டறையை யார் வந்து பார்ப்பது? நான் மெஷின் வாங்கிய இடத்தில் தகடு எங்கே என்று கேட்டதற்கு, "அதைப் போட்டா காடி எடுக்க முடியாது சார், எல்லாரும் கழட்டித்தான் வைக்கிறாங்க" என்று பதில் வந்தது. காடி என்பது பலகையில் எடுக்கும் நீளப் பள்ளம்.

அமெரிக்காவில் சா-ஸ்டாப் என்று ஒரு மெஷின் இருக்கிறது. ஸ்டீஃபன் காஸ் என்ற இயற்பியல் படித்த காப்புரிமை வழக்கறிஞர் கண்டுபிடித்தது. 2004-இல் விற்பனைக்கு வந்தது. பிளேடில் சின்ன மின் சமிக்ஞை ஓடும். ஈரமுள்ள உடம்பு பட்டால் அது மாறும். உடனே ஒரு அலுமினியக் கட்டை பிளேடுக்குள் பாய்ந்து, 5 மில்லி நொடிக்குள் நிறுத்திவிடும். விரலுக்குப் பதில் சாஸேஜை வைத்துக் காட்டும் வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிரேக் கட்டையும் பிளேடும் அதோடு காலி, இரண்டும் புதிதாக வாங்க வேண்டும். விரலோடு ஒப்பிட்டால் அது செலவே இல்லை. ஆண்டுக்கு 30,000 பேர் அளவில் டேபிள் சா பிளேடில் காயப்படுவதாக அந்நாட்டு நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் கணக்குச் சொல்லும் ஊரில் இப்படி ஒன்று பிறந்ததில் ஆச்சரியமில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அது வெட்டைத்தான் நிறுத்தும், உதையை அல்ல. பறந்து வரும் கட்டை வயிற்றில் படுவதை எந்த மின் சமிக்ஞையும் தடுக்காது.

இப்போது பேண்ட் சா. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி ஓடும் நாடா ரம்பம். மேசையில் நாம் பார்ப்பது கீழே இறங்கும் பாதியை மட்டும். பின்பக்கம் மேலே ஏறும் பல் என்று ஒன்று அங்கே கிடையாது. மரத்தின் மேல் விழும் விசை முழுவதும் கீழ்நோக்கி, மேசையை நோக்கி. தடம் மூடிக்கொண்டால் பிளேடு இறுகும், மோட்டார் திணறும், பெல்ட் வழுக்கும். அவ்வளவுதான். மரம் நம் மேல் பாய வழியே இல்லை. மெஷினை நிறுத்தி, தடத்தில் ஒரு ஆப்பைச் செருகிவிட்டு மறுபடி ஓட்டலாம். நான் சொன்ன அதே வேம்பை இப்போது பதற்றமில்லாமல் பிளக்கிறேன்.

வேகமும் குறைவு: 14 இஞ்ச் மெஷினில் பிளேடு மணிக்கு 55 கி.மீ. போல ஓடும். வெட்டுத் தடம் ஒரு மி.மீ. சொச்சம், சர்க்குலரில் மூன்று மி.மீ. தேக்கைக் கன அடிக் கணக்கில் வாங்குபவருக்கு இந்த வித்தியாசம் தூளாகப் போகும் பணம். விரலுக்கும் இதே கணக்குதான், சொல்லவே கூசுகிறது. மூன்று மி.மீ. பிளேடு பட்டால் அந்த அகலத்துக்கு எலும்பு, நரம்பு, ரத்தக்குழாய் எல்லாம் தூளாகிவிடும். கத்தியில் வெட்டுப்பட்டது போல இரண்டு முனையையும் அப்படியே சேர்த்துத் தைக்க முடியாது. எலும்பைக் குறைத்துத்தான் சேர்ப்பார்கள், பல சமயம் அதற்கும் வழி இருக்காது.

அந்தப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். துண்டான விரலை ஐஸில் நேரடியாகப் போடக்கூடாது. சலைனில் நனைத்துப் பிழிந்த சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, அந்தப் பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைக்க வேண்டும். கையில் துணியை வைத்து அழுத்தி உயர்த்திப் பிடிக்க வேண்டும். காப்பித்தூள், மஞ்சள் எதுவும் வேண்டாம். பக்கத்து நர்சிங் ஹோமில் தையல் போட்டுக்கொண்டு நேரத்தை விடாமல், கை அறுவை சிகிச்சைக்கென்றே பிரிவு உள்ள இடத்துக்கு நேராகப் போக வேண்டும். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், கோவையில் கங்கா மருத்துவமனையும் இதில் பெயர் பெற்றவை.

பேண்ட் சா சாது என்று நினைத்துவிடாதீர்கள். எலும்போடு இறைச்சி அறுப்பது இதே வகை மெஷினில்தான். உங்கள் கையும் அதற்கு எலும்புள்ள இறைச்சிதான். உதைக்காது என்பதால் வரும் தைரியம்தான் இதில் ஆபத்து. சத்தம் குறைவு. சுவிட்சை அணைத்த பிறகும் சக்கரத்தின் கனத்தில் பிளேடு ஓடிக்கொண்டே இருக்கும், பற்கள் கண்ணுக்குத் தெரியாமல் வழவழப்பான பட்டை போலத் தோன்றும். நின்றுவிட்டது என்று நினைத்துத் தூளைத் தட்டக் கை போகும். எங்கள் பட்டறையில் தூள் தட்ட ஒரு பிரஷ் தொங்குகிறது, அதைத் தவிர எதையும் மேசைக்குக் கொண்டுபோகக் கூடாது. மேசைக்கு மேலே பிளேடைப் பிடித்திருக்கும் மேல் கைடை மரத்துக்கு மேலே கால் இஞ்ச் இடைவெளிக்கு இறக்கிவிட வேண்டும். அதை உயரத்திலேயே விட்டுவைத்து ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். உருட்டுக் கட்டையை அப்படியே வைத்து வெட்டக்கூடாது. பிளேடு அதைச் சுழற்றி, பிடித்திருக்கும் கையையும் சேர்த்து உள்ளே இழுக்கும். 'வி' வடிவத்தில் ஒரு தொட்டில் செய்து அதில் படுக்க வைத்து வெட்டலாம். பிளேடு அறுந்தால் வெடி போட்டது போலச் சத்தம் வரும், ஆனால் கதவுகள் மூடியிருந்தால் பெரும்பாலும் உள்ளேயே அடங்கிவிடும்.

எந்த மெஷினாக இருந்தாலும் கையுறை, தோளில் துண்டு, தொளதொள முழுக்கை வேண்டாம். கண்ணாடியும் மாஸ்க்கும் எல்லோருக்கும் தெரிந்ததே.

பராமரிப்பில் பேண்ட் சா கொஞ்சம் படுத்தும். பிளேடு இறுக்கம், கைடு பேரிங், சக்கரத்தின் ரப்பர் மூன்றையும் அடிக்கடி பார்க்க வேண்டும். மழுங்கிய பிளேடு ஒரு பக்கமாக ஓடும். அப்போது நாம் கூடுதலாகத் தள்ளுவோம், கூடுதலாகத் தள்ளும் கைதான் கடைசியில் வழுக்கும். அதனால் பிளேடு விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை.

முழுக்க பிளைவுட் வேலை செய்பவருக்கு இது ஒத்துவராது என்பதையும் சொல்ல வேண்டும். எட்டுக்கு நாலு ஷீட்டை 14 இஞ்ச் பேண்ட் சாவில் திருப்பவே முடியாது, தூண் இடிக்கும். அவர்கள் சர்க்குலர் வாங்குவதாக இருந்தால், ரிவிங் நைஃப் பிளேடோடு ஏறி இறங்குகிறதா, கைடு இரண்டு முனையிலும் இறுகிப் பிடிக்கிறதா, நிறுத்தும் பொத்தான் முழங்காலால் தட்டும் இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும். இல்லையென்றால் ட்ராக் சா: ஷீட்டை அசையாமல் படுக்க வைத்து, அலுமினியத் தண்டவாளத்தின் மேல் ரம்பத்தை ஓட்டுவது. இரண்டு கையும் மெஷின் மேல்தான் இருக்கும், பிளேடு மூடிக்குள் இருக்கும். நண்பர் ஒருவரிடம் வாங்கிக் கொஞ்சம் ஓட்டிப் பார்த்ததில் பிடித்திருந்தது. தினசரி வேலைக்கு எவ்வளவு காலம் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு நான் ஓட்டவில்லை. தண்டவாளத்தோடு சேர்த்து விலையும் கையைக் கடிக்கிறது. இப்போதைக்கு ஷீட் வேலை வந்தால், முழு ஷீட்டை வெட்டும் பேனல் சா வைத்திருக்கும் பிளைவுட் கடையில் அளவு கொடுத்துவிடுகிறேன். வெட்டுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.